தீபாவளிக்கு இல்லக் குழந்தைகளுக்குப் புதுத்துணி: சங்கத்தில் முதல்முறை பொறுப்பேற்பவருக்கு

லயன்ஸ், ரோட்டரி என்ற இரண்டு சேவைச் சங்கங்களிலும் ஜூலை 1-தான் வருடப் பிறப்பு. பதவியேற்பு விழாவில் வாங்கிய பொன்னாடைகளை மடித்து வைப்பதற்குள் ஆவணி வந்துவிடும். போர்டு மீட்டிங்கில் "தீபாவளி ப்ராஜெக்ட்டுக்கு இந்த வருஷம் யாரு சேர்மன்?" என்று தலைவர் கேட்பார். பழம் தின்று கொட்டை போட்டவர்கள் எல்லாம் அந்த நேரம் பார்த்து டீ கிளாஸுக்குள் எதையோ தேடுவார்கள். புதிதாகச் சேர்ந்த ஒருவர் விவரம் தெரியாமல் கை தூக்குவார். அந்தக் கை உங்களுடையது என்றால் மேலே படியுங்கள்.

நானும் அப்படித் தூக்கியவன்தான். முதல் வருடம் ஒரு குழந்தைகள் இல்லத்திலிருந்த 42 குழந்தைகளின் வயதுப் பட்டியலை போனிலேயே கேட்டு வாங்கி, வயதை வைத்தே துணி எடுத்தேன். பத்து வயது என்றால் எல்லோரும் ஒரே உயரம் என்று நினைப்பு. மேடையில் ஒரு பையன் முழங்கால் வரை தொங்கிய சட்டையோடு சிரித்தபடி நின்றான். போட்டோ நன்றாக வந்தது. கீழே இறங்கியதும் அதைக் கழற்றி மடித்து வார்டன் அக்காவிடம் கொடுத்துவிட்டு, பழைய சட்டையையே போட்டுக்கொண்டான். தீபாவளிக்கு அவன் எதைப் போட்டான் என்று எனக்குத் தெரியாது. இந்தப் பதிவில் பாதி அந்தச் சட்டையைப் பற்றியதுதான்.

முதல் படி: ஆறு வாரம் முன்பே தொடங்குங்கள்

தீபாவளி ஒரே தேதியில் வருவதில்லை. 2024-ல் அக்டோபர் 31, 2025-ல் அக்டோபர் 20. அதனால் "அக்டோபர்ல பாத்துக்கலாம்" என்று விட்டால் சில வருடங்களில் மூன்று வாரம்கூடக் கிடைக்காது. காலண்டரில் தீபாவளியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஆறாவது வாரம் இல்லத்தை முடிவு செய்வது, ஐந்தாவது வாரம் வசூல், நான்காவதில் அளவெடுப்பு, மூன்றாவதில் கொள்முதல், கடைசி வாரத்தில் கொடுப்பது. நடுவில் ஒரு வாரம் சும்மா கிடக்கட்டும். ஐப்பசி மழை அதைத் தின்றுவிடும்.

இரண்டாம் படி: இல்லத்திடம் முதலில் கேளுங்கள்

குழந்தைகள் இல்லங்கள் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் கூச்சம் வேண்டாம், நல்ல இல்லங்கள் கேட்காமலே காட்டும். சந்தேகம் இருந்தால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரித்துக்கொள்ளலாம்.

அடுத்து, நேரில் போய் உட்கார்ந்து இரண்டு கேள்விகள். "இந்தத் தீபாவளிக்கு வேறு யாரெல்லாம் வர்றாங்க?" "உங்களுக்கு எது குறையுது?"

முதல் கேள்விக்கு வரும் பதில் பல நேரம் திகைக்க வைக்கும். ஊருக்குப் பக்கத்தில், மெயின் ரோட்டின் மேல் இருக்கும் இல்லத்துக்கு நான்கு சங்கங்களும் இரண்டு கம்பெனிகளும் ஏற்கெனவே சொல்லி வைத்திருக்கும். பஸ் போகாத இடத்தில் இருப்பதற்கு ஒருவரும் இருக்கமாட்டார்கள். இரண்டாவது கேள்விக்கு "துணி வேண்டாம் சார், மழைக்காலத்துக்குப் போர்வைதான் வேணும்" என்று பதில் வந்தால் போர்வை வாங்குங்கள். "துணிதானே போர்டுல பாஸ் ஆச்சு" என்று சொல்பவர் ஒருவர் எல்லாச் சங்கத்திலும் இருப்பார். அவரையும் ஒருமுறை அந்த இல்லத்துக்குக் கூட்டிப் போங்கள்.

மூன்றாம் படி: பணம்

சந்தா, மீட்டிங் சாப்பாடு, மாவட்டக் கட்டணம் எல்லாம் நிர்வாகக் கணக்கு. பொதுமக்களிடம் சேவைக்கென்று திரட்டும் பணம் சேவைக் கணக்கு. லயன்ஸ் விதிப்படி பின்னதிலிருந்து ஒரு ரூபாய்கூட முன்னதுக்குப் போகக் கூடாது. வேறு சங்கமாக இருந்தாலும் இதே வழக்கத்தை வைத்துக்கொள்வது நிம்மதி. நன்கொடை சங்கக் கணக்கின் க்யூஆர் கோடுக்கே வரட்டும். "என் நம்பருக்கு ஜிபே பண்ணிடுங்க, நான் மொத்தமா கட்டிடறேன்" என்று நல்ல எண்ணத்தில் சொன்னவர்களே மாதக் கடைசியில் கணக்கு இடித்துத் தலையைப் பிய்த்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன்.

வரிவிலக்கு கேட்பார்கள். 80ஜி என்று பழகிப்போன நன்கொடை வரிச் சலுகை, அதற்கான பதிவு உள்ள அறக்கட்டளை ரசீது கொடுத்தால்தான் உண்டு. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கிடையாது. துணியாகவோ அரிசியாகவோ கொடுத்தாலும் கிடையாது. இதை வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்.

நான்காம் படி: அளவெடுப்பது

இதுதான் வேலை. மற்றதெல்லாம் ஓட்டம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஆணும் பெண்ணுமாக நான்கு பேர் போங்கள். டேப் இரண்டு, நோட்டு ஒன்று. வரிசையில் நிறுத்தி உடம்பில் டேப் சுற்றினால் குழந்தைகள் நெளியும். அதைவிட எளிய வழி: "உனக்கு நல்லா பொருந்தற சட்டை ஒண்ணு எடுத்துட்டு வா கண்ணு" என்று சொல்லுங்கள். அதைத் தரையில் விரித்து அக்குளுக்கு அக்குள் அளந்து இரண்டால் பெருக்கினால் சட்டையின் மார்புச் சுற்று. காலர் அடியிலிருந்து கீழ்விளிம்பு வரை உயரம். பேன்ட்டுக்கு இடுப்பும் நீளமும். அதன்மேல் ஓரிரு அங்குலம் வளர்த்திக்கு விடலாம், அதற்கு மேல் வேண்டாம். "ரெண்டு வருஷம் போடட்டும்" என்று பெரிதாக எடுக்கிற பழக்கம் நம் வீடுகளிலேயே உண்டு, தெரியும். ஆனால் நம் வீட்டுப் பிள்ளைக்கு இன்னும் நாலு நல்ல சட்டை இருக்கும்.

கடைக்குக் கடை 26 சைஸ் வேறு வேறாக இருக்கும். அதனால் சைஸ் எண்ணை எழுதாமல் அங்குலத்தை எழுதுங்கள். கடையிலும் அதே மாதிரி விரித்து அளந்தே வாங்குங்கள்.

நோட்டில் பெயருக்குப் பதில் எண் போடலாம். எந்த எண் எந்தக் குழந்தை என்பது வார்டனிடம் இருந்தால் போதும். எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கட்டம்: பிடித்த நிறம். ஒரே தானில் வெட்டி மொத்தமாகத் தைத்தால் மலிவுதான். ஆனால் அந்தப் பிள்ளைகள் வருடம் முழுக்க யூனிஃபார்மில் இருப்பவர்கள். பண்டிகையன்று 40 பேரும் ஒரே கட்டம் போட்ட சட்டையில் நின்றால் தெருவே "ஹோம் பசங்க" என்று அடையாளம் கண்டுகொள்ளும். நிறம் கேட்டபோது ஒரு சிறுமி "எது வேணா கேக்கலாமா?" என்று மூன்று தடவை உறுதிப்படுத்திக்கொண்டுதான் ஊதா என்றாள்.

வளர்ந்த பெண் பிள்ளைகளுக்கு அளவும் உள்ளாடைத் தேவையும் கேட்பது பெண் உறுப்பினரின் வேலை, அதுவும் வார்டன் அக்காவோடு தனியாக. சுடிதாரா பாவாடை தாவணியா என்பதையும் அவர்களே சொல்லட்டும்.

ஐந்தாம் படி: கொள்முதல்

கொங்குப் பக்கம் என்றால் ஈரோடு கனி மார்க்கெட் ஜவுளிச் சந்தை, பனியன் டீசர்ட் வகைகளுக்குத் திருப்பூர் காதர்பேட்டை. தீபாவளிக்கு இரண்டு வாரம் முன் போனாலே கால் வைக்க இடமிருக்காது, விலையும் பேச முடியாது. உள்ளூர்க் கடையிலேயே எடுப்பதிலும் ஒரு லாபம் உண்டு, மாற்றுவது சுலபம். எங்கே எடுத்தாலும் "அளவு சரியில்லைன்னா தீபாவளிக்கு முன்னாடி மாத்தித் தருவீங்களா?" என்று கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்குங்கள். துணியில் தொங்கும் விலை அட்டையைக் கிழிக்காதீர்கள்.

பருத்தியாகப் பாருங்கள். பளபளவென்று பாலியஸ்டர் விலை குறைவாகக் கிடைக்கும், பட்டாசுப் பொறி பட்டால் உருகி உடம்போடு ஒட்டிக்கொள்ளும்.

ஆறாம் படி: பலகாரம்

சுருக்கமாகச் சொல்கிறேன். பால் இனிப்பு வேண்டாம். எல்லோரும் அதைத்தான் கொண்டுவருவார்கள், ஃப்ரிட்ஜ் கொள்ளாது, மறுநாள் புளிக்கும். அதிரசம், முறுக்கு, மிக்சர், நெய் மைசூர்பாகு நிற்கும். கடையில் வாங்கினால் தட்டின் மேல் எழுதியிருக்கும் தேதியைப் பாருங்கள். உதிரி இனிப்புக்கும் எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று எழுதி வைப்பது 2020 அக்டோபர் 1 முதல் கட்டாயம். கூடவே நல்லெண்ணெய், சீயக்காய், ஒரு டப்பா தீபாவளி லேகியம். லேகியம் யாரும் கொண்டுவருவதில்லை. அந்த ஒரு நாள் எல்லோரும் பலகாரமே தின்பார்கள் என்று தெரிந்தும்.

பட்டாசு கொடுப்பதென்றால் கம்பி மத்தாப்பு, புஸ்வாணம், சக்கரம் போதும். தமிழ்நாட்டில் சில வருடங்களாகக் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று இரண்டு மணி நேரம்தான் அனுமதி தருகிறார்கள். இரண்டு வாளித் தண்ணீரும் ஒரு வாளி மணலும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

ஏழாம் படி: கொடுக்கும் நாள்

புதுத்துணி தீபாவளியன்று விடியற்காலை எண்ணெய் தேய்த்துக் குளித்த பிறகு, ஓரத்தில் மஞ்சள் தடவிப் போட வேண்டியது. முந்தின ஞாயிறே மேடை போட்டு அதை உடுத்தி நிறுத்தினால், பண்டிகையன்று அது பழைய துணி. ஆகவே நான்கைந்து நாள் முன்னதாக எண் ஒட்டிய பைகளை வார்டனிடம் ஒப்படையுங்கள். அன்றே போட்டுப் பார்த்துப் பொருந்தாததை மட்டும் தனியே வைக்கச் சொல்லுங்கள். மறுநாள் ஒருவர் போய் வாங்கிக் கடையில் மாற்றி வரட்டும்.

மேடை, பொன்னாடை, ஃப்ளெக்ஸ் எதுவும் வேண்டாம் என்றால் மூத்த உறுப்பினர்கள் முகம் சுருங்கும். அதற்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது, சட்டம். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் படத்தையோ அடையாளம் தெரியும் விவரத்தையோ வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு தடை செய்கிறது. ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் இதில் அடக்கம். சங்கத்தின் மாவட்ட ஆளுநருக்கு ரிப்போர்ட்டோடு போட்டோ வேண்டுமென்றால் அடுக்கி வைத்த பைகளையும் சுற்றி நிற்கும் உறுப்பினர்களையும் எடுங்கள். எங்கள் சங்கத்தில் மூன்று வருடமாக அப்படித்தான் போகிறது, ஒருவரும் மறுத்ததில்லை.

எட்டாம் படி: பிறகு

ஒரு வாரத்துக்குள் வரவு செலவை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுங்கள், பில்களோடு. மிச்சம் இருந்தால் அதை டின்னராக்கிவிடாமல் அப்படியே வைத்திருந்து, கார்த்திகையில் அந்த இல்லத்துக்கு ஒரு போன் போடுங்கள். தீபாவளி வாரத்தில் பலகாரம் வைக்க இடமில்லாத அதே சமையலறையில் அப்போது பருப்பு டப்பா காலியாக இருக்கலாம், மழையில் ஊறிய பாய்கள் காயாமல் கிடக்கலாம்.

அளவு நோட்டை அடுத்த சேர்மனிடம் கொடுக்கும்போது ஒன்று சொல்லிவிடுங்கள். அதில் உள்ள வழிமுறையை வைத்துக்கொள்ளலாம், அங்குலங்களை நம்பக் கூடாது. ஊதா கேட்ட சிறுமி ஒரே வருடத்தில் நான்கு அங்குலம் வளர்ந்திருந்தாள், இந்தமுறை அவளுக்குப் பச்சை வேண்டுமாம்.