உராய்வைக் குறைக்கும் சேர்மானங்கள்: வண்டிக்கேற்ற என்ஜின் ஆயிலைத் தேர்ந்தெடுக்கும் முறை

என்ஜின் ஆயில் என்று நாம் வாங்குவது வெறும் எண்ணெய் அன்று. தேய்மானத்தைத் தடுப்பவை, கசடை ஓரிடத்தில் தங்கவிடாமல் மிதக்க வைப்பவை, நுரையை அடக்குபவை எனப் பல வேதிப்பொருள்கள் அடிப்படை எண்ணெயில் கலக்கப்பட்ட பிறகே அது டின்னில் அடைக்கப்படுகிறது. அவற்றுள் ஒன்றுதான் உராய்வைக் குறைக்கும் சேர்மானம். சேர்க்கப்படும் அளவு பெரும்பாலும் ஒரு சதவீதத்தைச் சுற்றியோ அதற்கும் குறைவாகவோ இருந்தாலும், காருக்கு நன்மை செய்யும் இதே பொருள் கியர் பைக்கின் கிளட்சைக் கெடுத்துவிடக் கூடும். ஆயில் வாங்கச் செல்பவர் தம் வண்டிக்கு அது வேண்டுமா, வேண்டாமா என்பதைத் தாமே முடிவு செய்வதற்கான வழிமுறையைக் கீழே காணலாம்.

படி 1: உராய்வு எங்கே நிகழ்கிறது என்று அறிதல்

என்ஜினின் சுழல் தண்டான கிராங்க் ஷாஃப்ட் வேகமாகச் சுழலும்போது அதற்கும், அதைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவே எண்ணெய்ப் படலம் புகுந்து, இரண்டு உலோகங்களும் ஒன்றையொன்று தொடாதபடி பிரித்து வைக்கிறது. அங்கே உராய்வால் ஏற்படும் இழப்பைத் தீர்மானிப்பது எண்ணெயின் பாகுநிலைதான், அதாவது அதன் கெட்டித்தன்மைதான்; சேர்மானத்துக்கு அங்கே வேலையில்லை. ஆனால் பிஸ்டன் மேல்முனையையும் கீழ்முனையையும் எட்டித் திரும்பும் நொடியில் அதன் வேகம் சுழியாகிவிடுவதால், பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையிலுள்ள படலம் மெலிந்து அறுபடுகிறது. கேம், வால்வை இயக்கும் பாகத்தின்மீது அழுந்தி உரசும் இடத்திலும் இதே நிலைதான். வேகம், பாகுநிலை, சுமை ஆகியவற்றைப் பொறுத்து உராய்வு எவ்வாறு மாறுகிறது என்பதை ஜெர்மானியப் பொறியாளர் ரிச்சர்ட் ஸ்ட்ரிபெக் 1902இல் வெளியிட்ட அளவீடுகள் ஒரு வளைகோடாகக் காட்டின. அந்த வளைகோட்டின் இடது ஓரத்தில், அதாவது உலோகம் உலோகத்தைத் தொடும் பகுதியில்தான் நமது சேர்மானம் பயன் தருகிறது.

படி 2: சேர்மானம் வேலை செய்யும் விதத்தைப் புரிந்துகொள்ளுதல்

இதில் இரண்டு வகைகள் முக்கியமானவை. முதல் வகை, கிளிசரால் மோனோ ஓலியேட் போன்ற கரிமப் பொருள்கள். இம்மூலக்கூறின் ஒரு முனை உலோகத்தைப் பற்றிக்கொள்ள, நீண்ட வால் எண்ணெய்ப் பக்கம் நீட்டி நிற்கிறது; நாற்றங்காலில் நாற்றுகள் நெருக்கமாக நிற்பதுபோல் இவை பரப்பை மூடிவிடுவதால், எதிரெதிர் உலோகங்கள் நேரடியாக உரசுவது குறைகிறது.

இரண்டாவது, மோடிடிசி என்று சுருக்கமாக அழைக்கப்படும் மாலிப்டினச் சேர்மம். உரசும் இடத்திலுள்ள வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் இது சிதைந்து, அங்கேயே சில நானோமீட்டர் தடிமனுள்ள மாலிப்டினம் டைசல்ஃபைடு ஏடுகளாகப் படிகிறது. இந்த ஏடுகளுக்கு இடையிலான பிணைப்பு வலுவற்றது என்பதால் ஒன்றன்மீது ஒன்று எளிதில் வழுக்குகின்றன. தேய்மானத் தடுப்புச் சேர்மானம் மட்டும் இருக்கும்போது 0.1 அளவில் இருக்கும் உராய்வு எண், மோடிடிசி சேர்ந்தபின் 0.05 அளவுக்கு இறங்குவதுண்டு. என்ஜின் நன்கு சூடேறிய பிறகே இது முழுமையாகச் செயல்படும். எண்ணெய் ஆக்சிஜனேற்றம் அடைய அடைய இதன் இருப்பும் குறைந்துகொண்டே போகும். ஆகவே புது ஆயிலில் கிடைக்கும் எரிபொருள் சிக்கனம் அடுத்த ஆயில் மாற்றம்வரை அப்படியே நீடிக்கும் என்று எதிர்பார்க்கலாகாது.

படி 3: உங்கள் வண்டியின் கிளட்ச் எங்கே இருக்கிறது என்று பார்த்தல்

தேர்வின் மையம் இதுவே. காரில் கிளட்ச் என்ஜின் ஆயிலைத் தொடுவதில்லை. கியர் இல்லாத ஸ்கூட்டர்களிலும் பெரும்பாலும் பெல்ட்டும் கிளட்சும் தனி உறைக்குள் உலர்வாகவே இயங்குகின்றன. ஆனால் கியர் பைக்குகளில் பெரும்பாலானவற்றில் என்ஜின், கியர்பாக்ஸ், கிளட்ச் மூன்றும் ஒரே எண்ணெயில் நனைகின்றன. கிளட்ச் பிளேட்டுகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதற்கு உராய்வு கட்டாயம் வேண்டும். ரிங்கில் உராய்வைக் குறைக்கும் பொருள் அந்தப் பிளேட்டுகளிலும் தன் வேலையைச் செய்யத்தான் செய்யும். அதற்கு இடம் பிரித்தறியத் தெரியாது.

படி 4: டின்னின் பின்புறத்தைப் படித்தல்

இருசக்கர வண்டி வைத்திருப்போர் தேட வேண்டியது ஜாசோ (JASO) குறியீடு. 1998இல் ஜப்பானில் வகுக்கப்பட்ட இத்தரம், நான்கு ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள் ஆயில்களைக் கிளட்ச் உராய்வுச் சோதனையின் அடிப்படையில் பிரிக்கிறது. எம்ஏ (MA) என்றால் கிளட்ச் பிடிப்புக்குப் போதிய உராய்வு உண்டு. அதற்குள் எம்ஏ2 கூடுதல் பிடிப்புடையது. எம்பி (MB) என்றால் உராய்வு குறைவு. எனவே கியர் பைக்குக்கு எம்ஏ அல்லது எம்ஏ2. எம்பி ஆயில், வண்டியின் கையேடு அதைக் குறிப்பிடும் ஸ்கூட்டர்களுக்கு. கையேடு எம்ஏ2 என்று கேட்டால் அதையே வாங்க வேண்டும்.

கார் ஆயில் டின்னில் ஏபிஐ (API) என்னும் அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பின் வட்ட முத்திரை இருக்கும். அதன் மேற்பகுதியில் எஸ்என், எஸ்பி போன்ற தரமும், நடுவில் பாகுநிலையைக் குறிக்கும் 5டபிள்யூ-30 போன்ற கிரேடும், சில ஆயில்களில் கீழ்ப்பகுதியில் ‘ரிசோர்ஸ் கன்சர்விங்’ என்ற சொற்களும் காணப்படும். இச்சொற்கள் எரிபொருள் சிக்கனச் சோதனையில் தேறிய, மெல்லிய கிரேடு ஆயில்களுக்கு உரியவை; அவற்றில் உராய்வுக் குறைப்பான் இருக்க வாய்ப்பு மிகுதி. காருக்கு அது நல்லது, கியர் பைக்கில் அதை ஊற்றக் கூடாது. அதே வேளையில், இச்சொற்கள் இல்லை என்பதாலேயே ஓர் ஆயில் கிளட்சுக்குப் பாதுகாப்பானது என்று முடிவு செய்துவிட முடியாது. பைக்கைப் பொறுத்தவரை ஜாசோ குறியீடே சான்று.

படி 5: தனிப் பாட்டில் சேர்மானங்களைத் தவிர்த்தல்

மைலேஜ் கூடும் என்று சொல்லி விற்கப்படும் சிறு பாட்டில்களை என் பரிந்துரையில் நான் சேர்ப்பதில்லை. டின்னிலுள்ள எல்லாச் சேர்மானங்களும் ஒரே உலோகப் பரப்பில் இடம்பிடிக்கப் போட்டியிடுபவை; ஆயில் தயாரிப்பாளர் சோதித்து வகுத்த அந்த விகிதத்தில் வெளியிலிருந்து ஒன்றைக் கூட்டினால், தேய்மானத்தைத் தடுக்கும் பொருளே இடமிழக்கலாம். அமெரிக்காவில் ஸ்லிக் 50 என்னும் சேர்மானத்தின் விளம்பரக் கூற்றுகளுக்கு ஆதாரமில்லை என்று அந்நாட்டு அரசின் வணிகக் கண்காணிப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் குற்றம் சாட்ட, 1997இல் அது உடன்பாட்டில் முடிந்தது.

படி 6: மாற்றிய பின் கிளட்சைச் சோதித்தல்

புது ஆயில் ஊற்றி, என்ஜின் சூடேறிய பிறகு, மேல் கியரில் ஒரு மேட்டில் ஆக்சிலரேட்டரைத் திருகிப் பாருங்கள். என்ஜின் ஓசை மட்டும் எகிறி, வண்டி அதற்கேற்ப வேகம் எடுக்காவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது என்று பொருள். உடனே ஆயிலைக் குறை சொல்லிவிடாமல், முதலில் கிளட்ச் லிவரின் தளர்வைப் பாருங்கள். பல பைக்குகளில் லிவர் நுனியில் அது 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டும், கேபிள் இறுகியிருந்தாலும் இதே அறிகுறி தோன்றும். தளர்வு சரியாக இருந்து, தவறான ஆயில் ஊற்றப்பட்டதும் உறுதியானால், அதை முழுவதும் வடித்துவிட்டு, ஃபில்டரையும் மாற்றி, எம்ஏ2 ஆயில் நிரப்பி ஓட்டிப் பாருங்கள். பிளேட்டுகளில் ஊறிய எண்ணெய் வெளியேற மேலும் ஒரு முறை ஆயில் மாற்ற வேண்டிவரலாம். அதன் பிறகும் வழுக்கினால் மெக்கானிக்கிடம் கொடுத்துக் கிளட்ச் பிளேட்டுகளை மாற்றுவதே வழி.