மாற்றம் செய்த காரில் காற்று–பெட்ரோல் கலவையைக் கண்காணிப்பது எப்படி?

ஏர் ஃபில்டரை மாற்றியாயிற்று, ஹெடர் (எஞ்சினிலிருந்து புகையை வெளியேற்றும் குழாய்த் தொகுதி) பொருத்தியாயிற்று, எஞ்சினை இயக்கும் கணினியான ஈசியுவில் புதிய மேப்பும் (எப்போது எவ்வளவு பெட்ரோல் ஊற்றுவது என்ற அட்டவணை) ஏற்றியாயிற்று. வண்டி முன்பைவிட விறுவிறுப்பாக ஓடுகிறது. அந்த விறுவிறுப்பை வைத்து எஞ்சின் நலமாக இருக்கிறது என்று முடிவுகட்ட முடியாது. பெட்ரோல் குறைந்து, மெக்கானிக்குகள் சொல்வதுபோல் 'லீன்' ஆக ஓடும் எஞ்சின் சில நேரம் அருமையாக இழுக்கும். ஆனால் முழு ஆக்ஸிலரேட்டரில் உள்ளே வெப்பம் ஏறி, நாக்கிங் (கலவை நேரம் தவறித் தானே வெடிப்பது) தொடங்கி, பிஸ்டன் உருகும் அளவுக்குப் போகலாம். மறுபுறம், பெட்ரோல் மிகுந்து 'ரிச்' ஆக ஓடினால் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயில் படலம் கழுவப்படும், பிளக்கில் கரி படியும், புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சூடேறிக் கெடும். இரண்டுமே காதுக்குத் தெரியாது. அளந்துதான் பார்க்க வேண்டும்.

இந்தச் செய்முறை பெட்ரோல் கார்களுக்கு மட்டும். டீசல் எஞ்சினின் கணக்கே வேறு.

14.7 என்ற எண்ணை மறந்துவிடுங்கள்

ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். எல்லோரும் முதலில் கற்றுக்கொள்ளும் எண் இதுதான். ஆனால் நம் பங்க்குகளில் கிடைப்பது எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்குக் கிலோவுக்கு 9 கிலோ காற்றே போதும் என்பதால், 10 சதவீதக் கலவைக்கு இந்த எண் 14.1 அளவிலும், 20 சதவீதக் கலவைக்கு 13.5 அளவிலும் வந்து நிற்கும்.

எனவே லாம்டாவில் பேசுவதே நல்லது. எஞ்சினுக்குள் உண்மையில் போகும் விகிதத்தை, அந்த எரிபொருள் முழுமையாக எரியத் தேவையான விகிதத்தால் வகுத்தால் கிடைப்பது லாம்டா. 1 என்றால் கணக்குச் சரி. 1-க்குக் கீழே ரிச், மேலே லீன். எந்தக் கலவையை நிரப்பினாலும் இந்த அளவுகோல் மாறாது. சைலன்சர் குழாயில் பொருத்தும் ஆக்ஸிஜன் சென்சார் அறிவதும் லாம்டாவைத்தான். அதனுடன் இணையும் கேஜ் (அளவைக் காட்டும் கருவி) அதை 14.7 ஆல் பெருக்கித் திரையில் காட்டுகிறது, அவ்வளவே. 20 சதவீத எத்தனால் நிரப்பிய காரில் கேஜ் 14.7 என்று காட்டும்போது உள்ளே ஓடுவது 13.5. கேஜின் அமைப்பில் லாம்டாவுக்கு மாற்றும் வசதி இருந்தால் முதல் நாளே மாற்றிவிடுங்கள்.

படி 1: மாற்றத்துக்கு முன்பே ஒரு பதிவு

பெரும்பாலானோர் தவறவிடுவது இதைத்தான். மாற்றத்துக்கு முந்தைய எண்கள் கையில் இல்லாவிட்டால், பிந்தைய எண்களை எதனுடன் ஒப்பிடுவது? ஏற்கெனவே மாற்றிவிட்டீர்கள் என்றால், பழைய ஏர் ஃபில்டரையாவது மீண்டும் பொருத்தி ஒரு பதிவு எடுங்கள்.

தேவையானவை ஈசியுவின் தகவல்களைக் கைபேசிக்கு அனுப்பும் இஎல்எம்327 வகை ஓபிடி அடாப்டர் ஒன்றும், டார்க் ப்ரோ அல்லது கார் ஸ்கேனர் போன்ற ஒரு செயலியும். 2013 ஏப்ரலுக்குப் பின் இந்தியாவில் விற்பனையான கார் என்றால் ஸ்டீயரிங்குக்குக் கீழே அதற்கான சாக்கெட் இருக்கும். ஐபோன் வைத்திருப்பவர்கள் அதற்குப் பொருந்தும் அடாப்டர்தானா என்று கேட்டு வாங்க வேண்டும். மலிவான அடாப்டர்கள் மெதுவாகவே பேசும். ஒரே நேரத்தில் இருபது அளவுகளைக் கேட்டால் எல்லாமே தாமதமாக வரும். ஆர்பிஎம், த்ராட்டில் (காற்று வால்வு) திறந்திருக்கும் சதவீதம், கூலன்ட் வெப்பநிலை, குறுகிய கால ஃப்யூயல் ட்ரிம், நீண்ட கால ஃப்யூயல் ட்ரிம் (இவற்றின் விளக்கம் படி 2-இல்) ஆகிய ஐந்தும் தொடக்கத்துக்குப் போதும்.

கூலன்ட் 80 டிகிரியைத் தாண்டிய பிறகு ஏசியை அணைத்துவிட்டு மூன்று நிலைகளில் பதிவு செய்யுங்கள்: சில நிமிடம் ஐடிலிங்கில் (ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல்), பிறகு நின்ற இடத்திலேயே 2500 ஆர்பிஎம்மில், அதன்பின் சமதளச் சாலையில் 60 கிலோமீட்டர் சீரான வேகத்தில். கோப்புக்குத் தேதியோடு எந்தப் பங்க்கில் பெட்ரோல் நிரப்பினீர்கள் என்பதையும் பெயராக வையுங்கள். காரணம் கீழே வருகிறது.

படி 2: ட்ரிம்மைப் படிப்பது

சைலன்சர் குழாயில் உள்ள ஆக்ஸிஜன் சென்சாரைப் பார்த்து, ஈசியு தன் கணக்கைத் தானே திருத்திக்கொள்ளும் சதவீதம்தான் ட்ரிம். குறுகிய காலம், நீண்ட காலம் இரண்டையும் கூட்டிப் படிக்க வேண்டும். நீண்டது +8, குறுகியது +4 என்றால் ஈசியு 12 சதவீதம் கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றிச் சமாளிக்கிறது. அதாவது அதன் பழைய கணக்குப்படி கலவை லீன். கழித்தல் குறி வந்தால் ரிச்.

கூட்டுத்தொகை 5 சதவீதத்துக்குள் இருந்தால் கவலை வேண்டாம். 10-ஐத் தாண்டினால் காரணத்தைத் தேடுங்கள். அதற்கும் மேலே வெகுவாகப் போனால் பி0171 அல்லது பி0172 என்ற பிழைக் குறியீட்டுடன் எஞ்சின் விளக்கு எரியும். முன்னது லீன், பின்னது ரிச்.

ஒற்றை எண்ணைவிட, மூன்று நிலைகளுக்கும் இடையே அது எப்படி மாறுகிறது என்பதுதான் பேசும். ஐடிலிங்கில் +14, 2500 ஆர்பிஎம்மில் +3 என்று வந்தால் பெரும்பாலும் வேக்குவம் கசிவு. ஐடிலிங்கில் எஞ்சின் உறிஞ்சும் காற்று கொஞ்சம்தான். அதில் ஓட்டை வழியாக நுழையும் காற்றின் பங்கு பெரிதாகத் தெரியும். வேகம் கூடினால் அதே ஓட்டை கணக்கில் கரைந்துவிடும். புதிய இன்டேக் குழாயின் கிளாம்ப், த்ராட்டில் பாடிக்குப் பின்னால் உள்ள சிறு ரப்பர் ஹோஸ்கள், பிரேக் பூஸ்டருக்குப் போகும் குழாய் என்று வரிசையாகத் தொட்டுப் பாருங்கள். கிளாம்ப் இறுகியிருந்தாலும் ரப்பரின் விளிம்பு உள்ளே மடிந்து கிடக்கலாம்; கழற்றிப் பார்த்தால்தான் தெரியும். இதற்கு நேர்மாறாக, ஐடிலிங்கில் சரியாக இருந்து சுமை ஏற ஏற ட்ரிம் கூடினால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர், இன்ஜெக்டர் பக்கம் சந்தேகப்படுங்கள்.

எல்லா நிலைகளிலும் ஒரே அளவில் விலகியிருந்தால், உங்கள் கார் காற்றை எப்படி அளக்கிறது என்று பாருங்கள். ஏர் ஃபில்டருக்குப் பின்னால் காற்றோட்டத்தை அளக்கும் எம்ஏஎஃப் சென்சார் உள்ள கார்களில், குழாயின் விட்டம் மாறினாலே அதன் கணக்குப் பிசகும். ஒரே காற்று அகலமான குழாயில் மெதுவாகப் போகும். சென்சார் குறைத்துச் சொல்லும். ஈசியு குறைவாகப் பெட்ரோல் ஊற்றும். ஆயில் தடவும் வகை ஃபில்டரில் ஆயில் அதிகமாகிவிட்டால் அது சென்சாரின் மெல்லிய கம்பியில் படிந்து இதே வேலையைச் செய்யும். நம் ஊர்ச் சிறிய பெட்ரோல் கார்கள் பலவற்றில் இருப்பதோ இன்டேக்கின் உள் அழுத்தத்தை அளக்கும் எம்ஏபி சென்சார். அங்கே வெறும் ஃபில்டர் மாற்றத்தால் ட்ரிம் பெரிதாக அசைவதில்லை. வால்வுகளைத் திறக்கும் கேமின் மாற்றமும் ஹெடர் மாற்றமும் அசைக்கும்.

இனி, பங்க்கின் பெயர். 10 சதவீத எத்தனாலிலிருந்து 20-க்கு மாறினால் மட்டுமே ட்ரிம் சுமார் 4 சதவீதம் கூட்டல் பக்கம் நகரும். இது தெரியாமல் புதிய ஃபில்டரைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

படி 3: வைட்பேண்ட் தேவையா?

ட்ரிம்முக்கு ஓர் எல்லை உண்டு. முழு ஆக்ஸிலரேட்டரில் பெரும்பாலான ஈசியுக்கள் சென்சாரின் பேச்சைக் கேட்பதில்லை; தங்கள் மேப்பில் எழுதியிருப்பதை ஊற்றிவிடும். சாதாரண நேரோபேண்ட் சென்சாருக்கும் அந்த நேரத்தில் சொல்ல ஒன்றும் இல்லை. 0.1 முதல் 0.9 வோல்ட் வரை ஆடும் அதற்கு, 0.45 வோல்ட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று மட்டுமே தெரியும். லாம்டா 0.80, 0.92 இரண்டும் அதன் கண்ணுக்கு ஒன்றுதான். எஞ்சின் சேதமடைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பணம் செலவழிக்கும் முன் ஒன்றைச் சோதியுங்கள். புதிய கார்கள் பலவற்றில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு முன்னால் இருப்பது தொழிற்சாலையிலேயே பொருத்திய வைட்பேண்ட், அதாவது லாம்டா எவ்வளவு என்பதை எண்ணாகவே சொல்லும் சென்சார். செயலியின் பட்டியலில் முதல் சென்சாருக்கு வோல்ட் மட்டும் வராமல் லாம்டா மதிப்பும் வந்தால் உங்களிடம் அது இருக்கிறது. ஈசியு கேட்கும் லாம்டா, கிடைக்கும் லாம்டா இரண்டையும் ஒன்றாகப் பதிவு செய்தால் பாதி வேலை முடிந்தது. இல்லையென்றால் பாஷ் எல்எஸ்யு 4.9 சென்சாருடன் வரும் கேஜ் ஒன்றை வாங்குங்கள். ஏஇஎம், இன்னோவேட் ஆகியவை பலரும் பயன்படுத்தும் பிராண்டுகள்.

படி 4: பொருத்துவது

சென்சாருக்கான நட் 18 மி.மீ. அளவு, 1.5 மி.மீ. மரை. கேஜுடனேயே வரும், இல்லாவிட்டால் லேத் பட்டறையில் கடைந்து தருவார்கள். சைலன்சர் குழாயில் துளையிட்டு வெல்டிங் செய்ய வேண்டும். வெல்டிங் நடக்கும்போது பேட்டரியைக் கழற்றிவையுங்கள், சென்சாரை நட்டில் மாட்டிவைக்காதீர்கள்.

இடம் முக்கியம். டர்போ இல்லாத காரில் எஞ்சினிலிருந்து அரை மீட்டருக்கு மேல் தள்ளி, எல்லா சிலிண்டர்களின் புகையும் ஒன்றுசேரும் இடத்துக்குப் பின், கன்வெர்ட்டருக்கு முன். டர்போ இருந்தால் டர்போவுக்குப் பின்னால். முன்னால் வைத்தால் வெப்பமும் அழுத்தமும் அளவைக் கெடுக்கும். குழாயின் மேல்பாதியில், கடிகாரத்தின் 10 மணிக்கும் 2 மணிக்கும் இடைப்பட்ட கோணத்தில் சென்சார் சாய்ந்திருக்க வேண்டும். உள்ளே இருக்கும் பீங்கான் தகடு சுமார் 780 டிகிரியில் வேலை செய்கிறது. குழாயில் தேங்கும் நீர்த்துளி அதன்மேல் பட்டால் விரிசல் விடும். சாவியைத் திருப்பிவிட்டு எஞ்சினைத் தொடங்காமல் நெடுநேரம் உட்கார்ந்திருப்பதும் இதே காரணத்தால் கூடாது. மின் இணைப்பு இல்லாத சென்சாரைக் குழாயில் மாட்டி வண்டியை ஓட்டினால் கரி படிந்து வீணாகும்.

மின்சாரத்தை சாவி போட்டால் மட்டும் உயிர் பெறும் ஃப்யூஸிலிருந்து எடுங்கள். கிரவுண்டை (எர்த் இணைப்பை) ஈசியுவின் கிரவுண்ட் இருக்கும் இடத்திலேயே இணையுங்கள். கேஜின் முகத்தில் ஓர் எண்ணும், பதிவில் வேறோர் எண்ணும் வந்தால் பெரும்பாலும் கிரவுண்டு வித்தியாசம்தான் காரணம்.

படி 5: முழு ஆக்ஸிலரேட்டர் சோதனை

டைனோ (வண்டியை உருளைகள்மேல் நிறுத்தி ஓட்டிப் பார்க்கும் கருவி) உள்ள பட்டறை கிடைத்தால் அதுவே சிறந்தது. இல்லாவிட்டால் பந்தயத் தடத்தில் பயிற்சி நாளில் செய்யலாம். பொதுச் சாலை இதற்கான இடம் அல்ல. பதிவு தானாக ஓடட்டும். ஓட்டுபவரின் கண் கேஜில் இருக்கக் கூடாது.

மூன்றாவது கியரில் 2000 ஆர்பிஎம்மிலிருந்து மெதுவாகத் தொடங்கி, ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்து, ரெட்லைனுக்கு (ஆர்பிஎம் மீட்டரின் சிவப்பு எல்லைக்கு) கொஞ்சம் முன்பு விடுங்கள். பிறகு கோப்பைத் திறந்து, த்ராட்டில் முழுவதும் திறந்திருந்த வரிகளை மட்டும் பாருங்கள். டர்போ இல்லாத எஞ்சினில் லாம்டா 0.86 முதல் 0.90 வரை, டர்போ எஞ்சினில் 0.78 முதல் 0.85 வரை என்பது பொதுவான பாதுகாப்பு எல்லை. சரியான இலக்கு எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். அது மேப் எழுதுபவரின் வேலை.

4000 ஆர்பிஎம்மில் 0.84 இருந்தது 5500-இல் 0.93 ஆக ஏறினால் அடுத்த ஓட்டமே வேண்டாம். மேலே போகப் போக பம்ப்போ இன்ஜெக்டரோ தேவைக்கு ஈடுகொடுக்கவில்லை என்று பொருள்.

ஏமாற்றும் அளவுகள்

ஆக்ஸிலரேட்டரை விட்டதும் கேஜ் லீன் பக்கம் எகிறும். பயப்பட வேண்டாம், அப்போது ஈசியு பெட்ரோலையே நிறுத்திவிடுகிறது, குழாயில் போவது வெறும் காற்று.

மிஸ்ஃபயர் ஆபத்தான ஏமாற்று. எரியாத சிலிண்டரிலிருந்து பெட்ரோலும் ஆக்ஸிஜனும் அப்படியே வெளியேறும். சென்சார் அந்த ஆக்ஸிஜனைப் பார்த்து லீன் என்று சொல்லும். அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டினால் நிலைமை இன்னும் மோசமாகும். லீன் காட்டும்போது எஞ்சின் குலுங்கினால் முதலில் பிளக்கையும் காயிலையும் பாருங்கள்.

சென்சாருக்கு முன்னால் சைலன்சர் குழாயில் கசிவு இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, குறிப்பாக ஐடிலிங்கில், பொய்யான லீன் வரும். ஹெடர் மாற்றிய காரில் கேஸ்கெட்டைச் சுற்றிக் கறுப்புக் கரிக் கோடு தெரிந்தால் கேஜை நம்பாதீர்கள். முதலில் கேஸ்கெட்டை மாற்றுங்கள்.

கேஜ் மீதே சந்தேகம் வந்தால் அடுத்த புகைச் சான்றிதழுக்குப் போகும்போது ஒப்பிட்டுப் பார்க்கலாம். பிஎஸ்4, பிஎஸ்6 பெட்ரோல் கார்களுக்கு 2500 ஆர்பிஎம் அளவில் லாம்டாவும் சோதிக்கப்பட வேண்டும், 0.97 முதல் 1.03 வரை அனுமதி. ரசீதில் வரும் எண்ணுக்கும் அந்த நேரத்தில் உங்கள் கேஜ் காட்டிய எண்ணுக்கும் பெரிய இடைவெளி இருந்தால் கசிவையும் கிரவுண்டையும் மறுபடி பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால் சென்சாரை மாற்றும் காலம் வந்துவிட்டது.