லைவ்வெல் பம்ப் மக்கர் பண்ணும்போது செய்யக்கூடாதவை

பாஸ் (bass) என்கிற நன்னீர் மீனைப் பிடிக்கும் படகுகளில், பிடித்த மீனை உயிரோடு வைத்திருக்கிற தொட்டிக்கு லைவ்வெல் என்று பெயர். அதற்குத் தண்ணீர் ஏற்றுகிற 12 வோல்ட் பம்ப் நின்றுவிட்டால் பாதிப் பேர் செய்கிற முதல் காரியம், போனை எடுத்துப் புது பம்ப் ஆர்டர் போடுவது. தவறுகளிலேயே அதிகம் நடப்பது இதுதான், வீண் செலவும் இதில்தான். காலையில் ஓடியது, மதியம் ஓடவில்லை, சாயங்காலம் தானாக ஓடுகிறது என்றால் பெரும்பாலும் பம்ப் நன்றாகத்தான் இருக்கும். காற்று, கரண்ட், குப்பை, இந்த மூன்றில் எது என்று பார்க்காமல் பம்பை மாற்றினால் புது பம்பும் அதே மாதிரிதான் மக்கர் பண்ணும்.

இதற்கு ஏன் இவ்வளவு பதறவேண்டும் என்றால், 20 டிகிரி செல்சியஸ் தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும், 30 டிகிரியில் அது ஏழரைக்கு இறங்கிவிடும், மீனுக்கோ சூட்டில் ஆக்சிஜன் தேவை கூடும். டெக்சாஸ் ஏரி ஒன்றில் ஜூலை மதியம் பம்ப் நின்றால் நிலைமை என்னவாகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். போட்டி என்றால் செத்த மீனுக்கு எடையிலும் கழிப்பார்கள்.

சரி, முதலில் காது கொடுத்துக் கேளுங்கள். சுவிட்சைப் போட்டதும் மோட்டார் சத்தம் வருகிறதா? வருகிறது ஆனால் தண்ணீர் இல்லை என்றால் காற்று அல்லது அடைப்பு. சத்தமே இல்லை என்றால் கரண்ட், இல்லாவிட்டால் இம்பெல்லரில், அதாவது பம்புக்குள் சுற்றித் தண்ணீரைத் தள்ளுகிற சக்கரத்தில், ஏதோ சிக்கி நிற்கிறது. இந்த ஒரு நிமிட வேலையைச் செய்யாமல் வயரைப் பிடுங்க ஆரம்பிக்கிறவர்கள்தான் அதிகம்.

காற்று விஷயம்தான் பலருக்குப் புரியாதது. வீட்டு மோட்டாரில் ஏர் பிடித்துக்கொண்டால் ஓடும், தண்ணீர் வராது இல்லையா, அதே கதைதான் இங்கேயும். இந்தப் பம்புகள் தண்ணீரைத் தாமாக உறிஞ்சி இழுக்காது, தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்து எப்போதும் நனைந்திருக்கவேண்டும். டிரெய்லரில் இருந்து படகை இறக்கும்போதும், வேகமாகப் போகும்போது முன்பக்கம் தூக்கி ஓடுவதிலும் பம்புக்குள் காற்று மாட்டிக்கொள்ளும். பம்பை ஓடவிட்டு, கொஞ்ச தூரம் ரிவர்ஸில் போனால் தண்ணீர் உள்வழியில் தள்ளப்பட்டுக் காற்று வெளியே போய்விடும். ஆனால் மெதுவாகப் போங்கள், சின்னப் படகில் பின்பக்கம் வழியாகத் தண்ணீர் உள்ளே ஏறிவிடும். தினமும் இப்படிச் செய்யவேண்டியிருந்தால் ஹோஸ் போகிற வழியைப் பாருங்கள். பம்பில் இருந்து தொட்டிவரை அது மேல்நோக்கியே போகவேண்டும், நடுவில் எங்காவது தொங்கிக் குழி விழுந்திருந்தால் அதில் தண்ணீர் தேங்கி, பின்னால் இருக்கிற காற்று வெளியே போக வழியில்லாமல் நிற்கும். தண்ணீர் வரும் என்று சும்மா அரைமணி நேரம் ஓடவிட்டுக் காத்திருப்பது தப்பு, உலர்ந்து ஓடினால் உள்ளே இருக்கும் சீல் கெட்டுவிடும்.

கரண்ட் பக்கம் வந்தால், பேட்டரியில் 12.6 வோல்ட் காட்டுகிறது, எல்லாம் சரி என்று மல்டிமீட்டரை மூடிவைப்பது பெரிய தவறு. பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது, பம்ப் வயரின் முனையிலேயே அளக்கவேண்டும். பேட்டரியைவிட ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் நடுவில் எங்கோ ஜாயின்ட் கெட்டிருக்கிறது. பில்ஜில், அதாவது படகின் அடிப்பள்ளத்தில், ஈரம் இருந்துகொண்டே இருப்பதால் செம்பு வயர் களிம்பு ஏறி, மேலே பிளாஸ்டிக் பளபளவென்று இருந்தாலும் உள்ளே பொடியாகிப் போயிருக்கும். படகு குலுங்கும்போது ஓடி, நின்றால் நிற்கிற பம்புக்கு அநேகமாக இதுதான் வியாதி. எல்லாரும் பாசிட்டிவ் வயரையே நோண்டுவார்கள், நெகட்டிவ் பக்கத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். வயரை முறுக்கி டேப் சுற்றுவது அங்கே சில வாரம்கூடத் தாங்காது. உள்ளே பசை வைத்த ஹீட் ஷ்ரிங்க் கனெக்டர் (சூடு காட்டினால் சுருங்கி வயரை இறுக மூடுவது) போட்டு நன்றாக கிரிம்ப் செய்யுங்கள், அதாவது அதற்கான இடுக்கியால் நசுக்கி இறுக்குங்கள். மாற்றும்போது பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டையும் தலைகீழாகக் கொடுத்துவிட்டால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும், தண்ணீரும் வரும், ஆனால் சோம்பலாக வரும். அதைப் பார்த்து பம்ப் பழசாகிவிட்டது என்று நினைப்பவர்களும் உண்டு.

ஃபியூஸ் அடிக்கடி போனால் பெரிய ஃபியூஸ் போடவே போடாதீர்கள். பம்பில் எழுதியிருக்கிற ஆம்பியர்தான், அதற்கு மேல் போட்டால் அடுத்து எரிவது வயர். அப்புறம் டைமரை மறந்துவிடாதீர்கள், அது விட்டுவிட்டுத்தான் பம்பை ஓட்டும், அதையே கோளாறு என்று சிலர் துரத்திக்கொண்டிருப்பார்கள்.

குப்பை என்றால் பாசி, செதில், இரை மீனின் மிச்சம், சில ஏரிகளில் ஜீப்ரா சிப்பிக் குஞ்சுகள். பல பம்புகளில் மோட்டார் பாகத்தை மட்டும் திருகி வெளியே எடுத்து இம்பெல்லரைச் சுத்தம் செய்யலாம். படகு தண்ணீரில் மிதக்கும்போது மட்டும் இதைச் செய்துவிடாதீர்கள்! அந்த ஓட்டை நேராக ஏரிக்குத்தான் திறக்கிறது, அடைக்கிற வால்வு இல்லாத படகு என்றால் பில்ஜ் நிறைந்துகொண்டே போகும். டிரெய்லரில் ஏற்றிய பிறகு நிதானமாகச் செய்யுங்கள். பம்பைப் பார்த்துவிட்டு, தொட்டிக்குள் இருக்கிற ஸ்ப்ரே தலையையும், நிரப்பு, சுழற்று, காலி செய் என்று மாற்றுகிற வால்வையும் பார்க்காமல் விடுவதும் அடிக்கடி நடக்கிறது. கடைசியில் யாரோ கால் பட்டு வால்வு பாதியில் நின்றிருக்கும்.

பெட்டியில் மணிக்கு 800 கேலன் என்று போட்டிருப்பது எந்த உயரமும் ஏற்றாமல் வருகிற அளவு, தொட்டிவரை ஏறிவரும்போது அதைவிடக் கணிசமாகக் குறையும். அதற்காகப் பெரிய பம்ப் வாங்கி அதே பழைய மெல்லிய வயரிலும் ஹோஸிலும் மாட்டினால் பலன் அதிகம் கிடைக்காது.

இவ்வளவுக்கும் பிறகு, பேட்டரியில் இருந்து சரியான ஃபியூஸோடு இரண்டு தனி வயர் இழுத்து பம்புக்கே நேரடியாகக் கொடுத்துப் பாருங்கள். அப்போதும் ஓடவில்லை, அல்லது சூடேறியதும் நின்றுவிடுகிறது என்றால்தான் புது பம்ப். முடிந்தவரை அதே கம்பெனியின் அதே மாடலாக வாங்குங்கள், மோட்டார் பாகத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், படகின் அடியில் சீலன்ட் போட்டு ஒட்டியிருக்கிற பகுதியைத் தொடவே வேண்டியிருக்காது.