குதிரை ஈக்குப் பெயர் சொல்லும்போது நடக்கும் தவறுகள்

மாட்டுத் தொழுவத்தில் பெரிய ஈ ஒன்றைப் படம் எடுத்துக்கொண்டு வந்து "இது எந்த டபானஸ்?" (டபானஸ் என்பது குதிரை ஈக்களில் ஒரு பேரினம்) என்று கேட்பவர்களிடம், அது டபானஸ்தான் என்று யார் சொன்னார்கள் என்றுதான் நான் முதலில் திருப்பிக் கேட்பேன். சிற்றினத்துக்குத் தாவுகிற அவசரத்தில் குடும்பமே தப்பாகிப்போனதை நிறையப் பார்த்தாகிவிட்டது.

குழப்பம் பெயரிலேயே ஆரம்பிக்கிறது. ஹிப்போபோஸ்கா என்று ஒன்று உண்டு. மாட்டின் அடிவயிற்றிலும் நாயின் காதோரத்திலும் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் ஓடும் தட்டையான ஈ, ஓங்கி அடித்தாலும் நசுங்காமல் எழுந்து போகும். ஹிப்போஸ் என்றால் கிரேக்கத்தில் குதிரை என்பதால் இதையே குதிரை ஈ என்று எழுதிவிடுகிறார்கள். இது வேறு குடும்பம், முட்டைகூட இடாது, முழுதாக வளர்ந்த புழுவை ஒவ்வொன்றாக ஈனும். நாம் பேசுவது டபானஸ் அடங்கிய டபானிடே குடும்பத்தை. உலகம் முழுக்க 4,400 சிற்றினங்களுக்கு மேல் கொண்டது. தலையை முக்கால்வாசி அடைத்த கண்கள், இறக்கை நுனியை அணைத்தபடி இரண்டாகப் பிரியும் நரம்பு, இந்த இரண்டையும் பார்த்தால் ஏறக்குறைய சந்தேகம் தீர்ந்துவிடும்.

அடுத்தது, இந்தக் குடும்பத்துக்குள் பேரினத்தைச் சொல்ல இறக்கையை மட்டும் நம்புவது. குறுக்கே கறுப்புப் பட்டை இருந்தால் கிரைசாப்ஸ், சாம்பல் புள்ளிகள் தெளித்த இறக்கையைக் கூரை போல மடித்து உட்கார்ந்தால் ஹீமடோபோட்டா, கண்ணாடி போல இருந்தால் டபானஸ் என்று ஒரு வாய்ப்பாடு சுற்றுகிறது. தொடங்குவதற்குச் சரி. ஆனால் டபானஸிலேயே கருத்த இறக்கைக்காரர்கள் இருக்கிறார்கள், அங்கே வாய்ப்பாடு கவிழ்ந்துவிடும். லென்ஸ் இருந்தால் பின்னங்காலைப் பாருங்கள்: கணுக்கால் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே இரண்டு சிறு முட்கள் நீட்டிக்கொண்டிருந்தால் கிரைசாப்ஸ் பக்கம், டபானஸுக்கும் ஹீமடோபோட்டாவுக்கும் அங்கே முள் கிடையாது.

ஆணையும் பெண்ணையும் பார்த்து இரண்டு சிற்றினம் என்று எழுதுவது இன்னொன்று. ஆணுக்குக் கண்கள் நெற்றியில் ஒட்டிக்கொண்டிருக்கும், பெண்ணுக்கு நடுவே ஒரு பட்டை இடைவெளி. அந்த இடைவெளியின் அகலமும், அதில் இருக்கும் பளபளப்பான மேட்டின் வடிவமும்தான் பெரும்பாலான திறவுகோல்கள் (கேள்வி கேள்வியாகப் போய்ச் சிற்றினத்தைக் கண்டுபிடிக்கும் அட்டவணைகள்) கேட்பவை, அதாவது ஆண் ஈயைக் கையில் வைத்துக்கொண்டு அந்தத் திறவுகோலைப் புரட்டினால் இரண்டாவது கேள்வியிலேயே வழி தவறிவிடும். கடிப்பது பெண் மட்டும்தான். ஆண் பூத்தேன் குடித்துக்கொண்டு எங்கோ இருப்பதால் பல சிற்றினங்களுக்குப் பெண் மட்டுமே விவரிக்கப்பட்டிருக்கிறது.

கண் நிறத்தையும் சொல்ல வேண்டும். உயிரோடு இருக்கும்போது பச்சையில் ஊதாப் பட்டை, தங்க நிறம், வளைவுநெளிவுக் கோடு என்று பிரமாதமாக இருக்கும். செத்துக் காய்ந்ததும் எல்லாம் பழுப்பு. காய்ந்ததைப் பார்த்துவிட்டு "கண்ணில் பட்டை இல்லை" என்று குறித்துவைக்காதீர்கள். ஈரப் பஞ்சு வைத்த மூடிய டப்பாவில் ஓர் இரவு விட்டால் பல நேரம் பட்டைகள் திரும்பி வரும், முதல் தடவை பார்க்கும்போது நம்பவே முடியாது.

பெயரின் பொருளை அப்படியே எடுத்துக்கொள்வதும் தப்பு. 1758இல் லின்னேயஸ் வைத்த டபானஸ் போவினஸ் என்பதற்கு மாட்டுக்குரியது என்று பொருள், அதற்காக அது குதிரையை விட்டுவைக்காது. சிற்றினப் பெயருக்குப் பின்னால் அதை வைத்தவரையும் ஆண்டையும் எழுதும்போது அடைப்புக்குறியையும் இஷ்டத்துக்குப் போடுகிறார்கள். டபானஸ் போவினஸ் லின்னேயஸ், 1758 என்பதில் அடைப்புக்குறி இல்லை, வைத்த பேரினத்திலேயே அது இன்னும் இருக்கிறது. அதே ஆண்டு அவர் டபானஸ் புளூவியாலிஸ் என்று வைத்ததைப் பின்னால் ஹீமடோபோட்டாவுக்கு மாற்றினார்கள், அதனால் ஹீமடோபோட்டா புளூவியாலிஸ் (லின்னேயஸ், 1758). சும்மா அழகுக்குப் போடுகிற குறியல்ல, ஒரு இடமாற்றத்தின் பதிவு.

பழைய பட்டியலில் இருக்கும் பெயரை அப்படியே தூக்கி எழுதுவதுதான் என் கணக்கில் மோசமானது. கெர்ட்ரூட் ரிக்கார்டோ 1911இல் எழுதிய கீழ்த்திசை (தெற்கு, தென்கிழக்கு ஆசிய) டபானஸ் மறுஆய்வு இன்றும் பயன்படுகிறது, ஆனால் அதற்குப் பிறகு எத்தனையோ மாறிவிட்டது. ஓர் உதாரணம்: 1880இல் பஞ்சாபில் கிரிஃபித் எவன்ஸ் குதிரை, ஒட்டக இரத்தத்தில் சர்ரா நோயின் ஒட்டுண்ணியைக் கண்டார். ஒரு மாட்டில் பாதி குடித்துவிட்டு விரட்டப்பட்டு அடுத்ததில் போய் உட்காரும் குதிரை ஈக்களின் வாயில் ஒட்டிய இரத்தத்தோடு அது பரவுகிறது. ஆசியாவில் இதைப் பரப்புவதாக டபானஸ் ஸ்ட்ரையேட்டஸ் என்ற ஒரே பெயரை எழுதிக்கொண்டே வந்தார்கள். 1981இல் பர்கரும் தாம்சனும் அந்தக் கூட்டத்தை மறுபடி ஆராய்ந்து அதில் பல சிற்றினங்கள் இருப்பதைக் காட்டினார்கள். தென்கிழக்கு ஆசியாவில் ஸ்ட்ரையேட்டஸ் என்று எழுதப்பட்டவற்றில் டபானஸ் மெகாலாப்ஸும் கலந்திருந்தது. ஆகவே பழைய கட்டுரையில் அந்தப் பெயரைப் பார்த்தால், அவர்கள் கையில் எந்த ஈ இருந்தது என்பது தனிக் கேள்வி.

படத்தில் சிற்றினம் தெரியவில்லையா, "டபானஸ், பெண்" என்று நிறுத்துங்கள், இடத்தையும் தேதியையும் மட்டும் விடாதீர்கள். ஆஸ்திரேலியாவின் ஆதர்ட்டன் மேட்டுநிலத்தில் 1981இல் பிடித்த, வயிறு தங்கமாக மின்னும் ஒரு ஈ முப்பது வருஷம் பெயரில்லாமல்தான் கிடந்தது. 2011இல் பூச்சியியலாளர் பிரையன் லெஸ்ஸார்ட் அதற்குப் பாடகி பியான்சேயின் பெயரை வைத்தபோது, அது எங்கே எப்போது பிடிபட்டது என்ற விவரம் மட்டும் பத்திரமாக இருந்தது.