சாஃப்ட்வேர் கம்பெனியில் நடக்கும் த்ரில்லர்: திரைக்கதையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாஃப்ட்வேர் துறையில் நடக்கும் த்ரில்லர் என்றதும் பல திரைக்கதைகள் நேராக ஓர் இருட்டறைக்குள் போய்விடுகின்றன. கருப்புத் திரையில் பச்சை எழுத்துகள் ஓடும், ஒருவர் மூச்சுவிடாமல் தட்டிக்கொண்டிருப்பார், சதவீதக் கோடு 98-ல் வந்து நிற்கும். இந்தத் துறையில் வேலை பார்ப்பவர்களுக்கு அந்த இடத்திலேயே படத்தின் மேல் நம்பிக்கை போய்விடும். நஷ்டம் அதோடு முடிவதில்லை. நிஜமான பதற்றம் எங்கே இருக்கிறதோ அந்த இடத்தைக் கதை கடந்து போய்விடுகிறது. கம்பெனிக்குள் யாருக்கு எது எப்போது தெரிந்தது, தெரிந்தும் யார் வாயைத் திறக்கவில்லை என்பதில்தான் இந்த வகைப் படத்தின் உயிர் இருக்கிறது.

2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் நைட் கேப்பிட்டல் என்ற பங்கு வர்த்தக நிறுவனத்தில் நடந்ததைப் பாருங்கள். எட்டு சர்வர் கணினிகளில் புதிய கோட், அதாவது கணினிக்கான கட்டளை வரிகள், ஏற்றப்பட்டிருக்க வேண்டும். ஏழில் ஏறியது, ஒன்றில் விட்டுப்போனது. அந்த ஒரு சர்வரில் பல வருடங்களாகப் பயன்படாமல் கிடந்த பழைய கோட் உயிர்பெற்று, கண்டபடி வாங்கவும் விற்கவும் ஆரம்பித்தது. சுமார் 45 நிமிடங்களில் 46 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். சந்தை திறப்பதற்கு முன்பே சிஸ்டம் தானாக 97 மின்னஞ்சல்களை அனுப்பி, பிழை இருப்பதைச் சொல்லியிருந்தது. யாரும் அவற்றை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்புறம் சரிசெய்ய இறங்கியவர்கள், ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் புதிய கோடை நீக்கினார்கள். அங்கேயும் பழைய கோட் உயிர்பெற, நிலைமை இன்னும் மோசமானது.

இதில் ஹேக்கர் கிடையாது, துப்பாக்கி கிடையாது. ஆனால் எந்த சர்வரில் கோளாறு என்பது பார்வையாளருக்கு முன்பே தெரிந்திருந்தால், அந்த ஏழு சர்வர்களில் கை வைக்கப்படும் நொடியில் அவரால் இருக்கையில் உட்கார முடியாது. தொழில்நுட்பக் காட்சியில் எழுதுபவர்கள் செய்யும் பெரிய தவறு, பார்வையாளரை இருட்டில் வைத்துவிட்டுக் கதாபாத்திரங்களுக்கு மட்டும் எல்லாம் தெரிய வைப்பது. அதைத் திருப்பிப் போட்டாலே பாதி வேலை முடிந்தது.

அதற்காக இரண்டு இன்ஜினியர்களை உட்கார வைத்து, இருவருக்கும் தெரிந்த விஷயத்தையே ஒருவருக்கொருவர் விளக்க விடக் கூடாது. சர்வர் என்றால் என்ன என்று சர்வரைப் பராமரிக்கும் அட்மின் இன்னொரு அட்மினிடம் சொல்ல மாட்டார். விளக்கம் தேவை என்றால், அதைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டிய ஒருவரை அறைக்குள் கொண்டுவாருங்கள். கையெழுத்துப் போடப் போகும் நிதித் துறை அதிகாரி கேட்கலாம், நாளை நீதிமன்றத்தில் பதில் சொல்ல வேண்டிய வக்கீல் கேட்கலாம். அவர்கள் கேள்வி கேட்பது இயல்பு. பதில் சொல்பவர் எதை விட்டுவிட்டுச் சொல்கிறார் என்பதும் அங்கேயே நாடகமாகிவிடும்.

அடுத்தது வில்லன். கண்ணாடி அறையில் தனியாக நின்று நகரத்தைப் பார்க்கும் சி.இ.ஓ. ஒருவர் மேல் எல்லாப் பழியையும் போடுவது எளிது. ஆனால் சாஃப்ட்வேர் ஒருவர் தனியாகச் செய்யும் பொருள் இல்லை. ஒருவர் எழுதுகிறார், இன்னொருவர் ரிவ்யூ செய்கிறார், டெஸ்டிங் டீம் பார்க்கிறது, மேனேஜர் ரிலீஸுக்கு ஒப்புதல் தருகிறார். 2015-ல் வெளிச்சத்துக்கு வந்த வோக்ஸ்வாகன் மோசடியில், கார் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறதா சாலையில் ஓடுகிறதா என்பதை ஸ்டீயரிங் நிலை, வேகம் போன்றவற்றை வைத்து சாஃப்ட்வேர் கண்டுபிடித்தது. பரிசோதனை என்றால் புகையைக் கட்டுப்படுத்தும், சாலை என்றால் விட்டுவிடும். உலகம் முழுக்கச் சுமார் 1.1 கோடி கார்களில் அது இருந்தது. இவ்வளவு பெரிய பொய்க்கு ஒரு வில்லன் போதாது. ஆளுக்கொரு துண்டு தெரிந்தவர்கள், தெரியாதது போல் இருந்துவிட்டவர்கள், 'மேலிடம் கேட்டது, செய்தேன்' என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டவர்கள் என்று ஒரு வரிசையே வேண்டும். அந்த வரிசையில் கதாநாயகனும் ஓரிடத்தில் நின்றிருந்தால் படத்தின் கனம் கூடும் என்பது என் உறுதியான கருத்து.

மூடி மறைக்கும் காட்சியையும் பலர் கோட்டைவிடுகிறார்கள். 'இது வெளியே போகக் கூடாது, புரிகிறதா?' என்று யாரும் மேசையைத் தட்டிச் சொல்ல வேண்டியதில்லை. மறைப்பது பெரும்பாலும் வழக்கமான அலுவல் நடைமுறையின் உருவத்தில்தான் வரும். 2016-ல் ஊபர் நிறுவனத்தின் 5.7 கோடி பேருடைய தகவல்கள் திருடப்பட்டன. திருடியவர்களுக்கு ஒரு லட்சம் டாலர் கொடுக்கப்பட்டது. பாதுகாப்புக் குறைகளைக் கண்டுபிடித்துச் சொல்பவர்களுக்கு நிறுவனங்கள் பரிசு தருவது வழக்கம். அந்தப் பரிசுத் திட்டத்தின் வழியாகவே இந்தப் பணமும் போனது. தகவல் எதையும் எடுக்கவில்லை என்று ரகசிய ஒப்பந்தத்திலும் அவர்களிடம் கையெழுத்து வாங்கப்பட்டது. விஷயம் வெளியே வர ஒரு வருடம் ஆனது. பாதுகாப்புத் தலைவராக இருந்தவர் 2022-ல் குற்றவாளி எனத் தீர்ப்பானார். கப்பம் பரிசாகிவிட்டது, திருட்டு ஆய்வாகிவிட்டது. இப்படி ஒரு படிவத்தை நிரப்பும் காட்சியை நிதானமாக எடுத்தால் பின்னணி இசையே தேவைப்படாது.

பென்டிரைவ் விஷயத்துக்கு வருவோம். எல்லாவற்றையும் நிரூபிக்கும் ஒரே ஃபைல், அது ஒரே பென்டிரைவில், அதைத் தேடி அடியாட்கள். ஓரளவு ஒழுங்காக நடக்கும் எந்த சாஃப்ட்வேர் கம்பெனியிலும் கோடில் செய்த ஒவ்வொரு மாற்றமும் யார் பெயரில், எந்த நேரத்தில் என்று பதிவாகியிருக்கும். பிரதிகள் பல கணினிகளில் இருக்கும். அழிக்கப் போனால் அழித்த தடம் பெரும்பாலும் இன்னோர் இடத்தில் விழும். ஆக, ஆதாரம் இருக்கிறதா என்பதைவிட அதைப் பார்க்கும் அனுமதி யாருக்கு இருக்கிறது, பார்த்ததைச் சொன்னால் யார் நம்புவார்கள் என்பதே வலுவான கேள்வி. பிரிட்டனில் போஸ்ட் ஆபீஸ் கிளைகளுக்கு 1999-ல் வரத் தொடங்கிய ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் தவறான பற்றாக்குறையைக் காட்டியது. பணத்தைக் கையாடியதாக 900-க்கும் மேற்பட்ட கிளை நடத்துநர்கள் தண்டிக்கப்பட்டார்கள். கிளைக் கணக்கை வெளியிலிருந்து யாரும் தொட முடியாது என்று நிர்வாகம் சொல்லிவந்தது. மென்பொருளைச் செய்த ஃபுஜிட்சு ஊழியர்களால் தொட முடிந்தது. உண்மை அந்தக் கணினிகளுக்குள்தான் இருந்தது, அதைத் திறந்து காட்டச் சொல்லும் பலம் சிறையில் இருந்தவர்களிடம் இல்லை. இதைவிடக் கொடுமையான த்ரில்லர் முடிச்சு எனக்குத் தெரியவில்லை.

வெளியிலிருந்து ஊடுருவும் ஆள் கதைக்கு அவசியம் என்றால் அவரைப் பொறுமைசாலியாக எழுதுங்கள். 2024-ல் எக்ஸ்இசட் என்ற சிறிய ஓப்பன் சோர்ஸ் மென்பொருளில் (இதன் கோடை யாரும் பார்க்கலாம், மேம்படுத்த உதவலாம்) ரகசியமாக உள்ளே நுழைய ஒரு பின்வாசல் வைக்கப்பட்டது தெரியவந்தது. அதைச் செய்த 'ஜியா டான்' என்ற பெயர்க்காரர், அந்த மென்பொருளைப் பராமரித்துக் களைத்துப்போயிருந்த ஒருவருக்கு இரண்டு வருடங்களுக்கு மேல் உதவிசெய்து நம்பிக்கை சம்பாதித்தவர். அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பவர் ஒருவரா ஒரு குழுவா என்பதுகூட வெளியே வரவில்லை. கண்டுபிடித்த ஆன்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற இன்ஜினியருக்குச் சந்தேகம் வந்த காரணம், அந்த மென்பொருள் இருந்த கணினியில் லாகின் ஆக வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாக ஆனது. அந்த அரை வினாடியை விடாமல் பிடித்துக்கொண்டு போகும் பிடிவாதம், எந்தத் தட்டச்சு வேகத்தையும்விடத் திரையில் நன்றாக நிற்கும்.

மிரட்டலுக்கும் அடியாட்கள் வேண்டாம். காலண்டரில் திடீரென்று முளைக்கும் 15 நிமிட மீட்டிங், அழைப்பில் மேனேஜர் பெயரோடு எச்.ஆர். பெயரும், கீழே காரணம் எதுவும் இல்லை. காலையில் லேப்டாப்பைத் திறந்தால் பாஸ்வேர்டு ஏற்கவில்லை. இன்னும் நான்கு மாதம் பொறுத்தால் கைக்கு வரவிருக்கும் கம்பெனிப் பங்குகள், வேலை போனால் கூடவே போகும் விசா, சிபாரிசு செய்து வேலைக்குச் சேர்த்துவிட்ட டீம் லீட். உண்மையைச் சொல்ல நினைப்பவரைக் கட்டிப்போடும் கயிறுகள் இவை. முதல் அரை மணி நேரத்திலேயே இவற்றை ஒவ்வொன்றாகக் காட்டிவிடுங்கள். பிறகு அவர் தயங்கும்போது யாரும் அவரைக் கோழை என்று நினைக்க மாட்டார்கள்.

முடிவில் பிரஸ் மீட்டில் வீடியோவைப் போட்டதும் பங்கு விலை சரிந்து, மேடையிலேயே கைது நடப்பதைத் தவிருங்கள். ஹொரைசன் வழக்கில் நிர்வாகத்துக்கு எதிரான முக்கியத் தீர்ப்பு 2019-ல்தான் வந்தது. அத்தனை வருடங்களைப் படத்தால் சுமக்க முடியாது. ஒரு மேலதிகாரி இனி மறுக்க முடியாதபடி ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும் இடம்வரை கொண்டுபோனால் போதும்.

கடைசியாக, துறையில் வேலை பார்க்கும் ஒருவரைப் படப்பிடிப்பு நாளில் திரையில் ஓடும் கோடைச் சரிபார்க்க அழைப்பது மிகவும் தாமதம். கதை ஒரு பக்கச் சுருக்கமாக இருக்கும்போதே அவரிடம் கொடுத்துவிட்டு, 'இந்தத் தப்பை நீங்களே செய்திருந்தால் எப்படி மறைப்பீர்கள், எந்த இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள்?' என்று கேளுங்கள். அவர் சொல்லும் இரண்டாவது பதிலிலிருந்து உங்கள் இரண்டாம் பாதியை எழுத ஆரம்பிக்கலாம்.