வயிறு சென்சிடிவான குட்டிக்கு ஃபுட் தேடுறப்போ பண்ணக்கூடாத தப்புங்க

நான் நாய்க்குட்டிங்களை எடுத்து வளர்த்து நல்ல வீடா பாத்து குடுத்துட்டு இருக்கேன். குட்டி போய் கொஞ்ச நாள்லயே அந்த வீட்டுல இருந்து போன் வரும், "மோஷன் லூஸா போகுது, எந்த ஃபுட் போட்டா நிக்கும்?"னு. ஆள் மாறுவாங்க, கேள்வி மாறாது, அதுக்குள்ள அவங்க பண்ணி வச்சிருக்குற தப்பும் மாறாது. சாக்லேட் குடுக்காதீங்க, கெட்டுப்போனதை போடாதீங்க மாதிரி எல்லாருக்கும் தெரிஞ்சதை இங்க எழுதப்போறதில்ல. குட்டியை நல்லா பாத்துக்கணும்னு உருகுறவங்களே திரும்பத் திரும்ப பண்றதை மட்டும் சொல்றேன்.

அளவே பாக்காம ஃபுட்டை குறை சொல்றது

நிறைய குட்டிக்கு ஃபுட் ஒத்துக்காம எல்லாம் போகல, அதிகமா தின்னுதான் லூஸா போகுது. பாக்கெட் பின்னாடி போட்டிருக்குற கிராம் கணக்கு ஒரு நாள் முழுக்கத்துக்கும் சேர்த்து, அதை ஒரு வேளைக்குன்னு நினைச்சு மூணு வேளையும் போட்டவங்களை பாத்திருக்கேன். அப்புறம் சில பாக்கெட்ல குட்டியோட இப்போதைய எடைக்கு டேபிள் இருக்கும், சிலதுல வளர்ந்தப்புறம் எவ்ளோ எடை வரும்னு வச்சு இருக்கும், ரெண்டையும் குழப்பிக்காதீங்க. கப்பால அளக்குறதும் வேண்டாம், ஒரே கப்புல தட்டி நிரப்புனா ஒரு அளவு, சும்மா அள்ளுனா ஒரு அளவு. சமையல் தராசு ஒண்ணு வச்சு நிறுத்து, நாலு மாசத்துக்கு கம்மியான குட்டின்னா அதை நாலு வேளையா பிரிச்சு போடுங்க. இதை மட்டும் சரி பண்ணியே மோஷன் கெட்டியான குட்டிங்க இருக்கு.

மோஷன் டெஸ்ட் பண்ணாம ஃபுட்டை மாத்திட்டே போறது

இதை சொல்றப்போ எனக்கு இன்னும் கோவம் வருது, ஏன்னா இதுல காசும் போகுது, குட்டியும் கஷ்டப்படுது, தப்பு நடக்குதுன்னே யாருக்கும் தெரியாது.

ஒரு லேப்ரடார் குட்டி. போன வீட்டுல உயிரா பாத்துக்கிட்டாங்க, அதுல ஒரு குறையும் சொல்ல முடியாது. லூஸா போக ஆரம்பிச்சதும் சிக்கன் ஒத்துக்கலன்னு முடிவு பண்ணி லேம்ப் ஃபுட் வாங்குனாங்க. ரெண்டு நாள் கெட்டியா போச்சு, சந்தோஷமா போன் பண்ணாங்க. நாலாவது நாள் மறுபடி லூஸ். அடுத்து மீன் ஃபுட், அதுலயும் ரெண்டு நாள் நல்லா இருந்து மறுபடி அதே கதை. அப்புறம் அரிசி, கோதுமை மாதிரி தானியமே இல்லாத கிரெய்ன் ஃப்ரீ, கடைசியா டாக்டர் எழுதிக்குடுத்தாத்தான் வாங்கணும்ங்குற, அலர்ஜிக்காக புரோட்டீனை சின்னச் சின்னதா உடைச்சுப் போட்ட ஹைட்ரோலைஸ்ட் ஃபுட்டு வரைக்கும் அவங்களாவே ஆன்லைன்ல தேடிப்பிடிச்சு வாங்கிட்டாங்க. நான் மோஷனை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கன்னு சொன்னேன். வெளிர் மஞ்சளா, கூழா, மேல ஜெல்லி தடவுன மாதிரி சளி பளபளன்னு இருந்துச்சு, நாத்தம் தாங்க முடியலன்னும் சொன்னாங்க. டெஸ்ட் பண்ணிப் பாத்தா ஜியார்டியாங்குற குடல் ஒட்டுண்ணி. மருந்து முடிச்சதும், அந்த குட்டி எந்த சிக்கன் ஃபுட்டை "ஒத்துக்கல"ன்னு தூக்கிப் போட்டாங்களோ அதையே சாப்பிட்டு நல்லா கெட்டியா போக ஆரம்பிச்சிடுச்சு.

நடுவுல அந்த ரெண்டு நாள் நல்லா போச்சே, அங்கதான் எல்லாரும் ஏமாறுறாங்க. ஜியார்டியா இருந்தா பல குட்டிக்கு தினமும் ஒரே மாதிரி லூஸா போகாது, ரெண்டு நாள் போகும், ரெண்டு நாள் சரியா இருக்கும், மறுபடி போகும். ரொம்ப மோசமான நாள்லதான் நாம பயந்து ஃபுட்டை மாத்துவோம், அது தானா சரியாகுற நேரமும் அதுவாத்தான் இருக்கும், பேரு புது ஃபுட்டுக்கு போயிடும். அப்புறம் திரும்ப லூஸானா பழி அந்த ஃபுட் மேலயே விழும்.

"பூச்சி மருந்து குடுத்துட்டோமே"ன்னு சொல்வாங்க. வழக்கமா குட்டிக்கு குடுக்குற பைரான்டெல் உருளைப்புழுவையும் கொக்கிப்புழுவையும்தான் பாத்துக்கும். ஜியார்டியா, காக்ஸிடியா ரெண்டும் புழுவே கிடையாது, ஒரு செல் ஒட்டுண்ணி, அந்த மருந்துக்கு அசையாது, ரெண்டுக்கும் வேற வேற மருந்து. அதனால லூஸ் மோஷன்னா முதல்ல ஃப்ரெஷ் மோஷனை ஒரு சுத்தமான டப்பால எடுத்துட்டு டாக்டர்கிட்ட போங்க. ஒரு தடவை நெகடிவ்னு வந்தா அதோட விட்டுடாதீங்க, தினமும் மோஷன்ல அது வெளிய வராது, அதனால மூணு தனித்தனி நாள் சாம்பிள் பாக்கலாமான்னு கேளுங்க, இல்லன்னா மோஷன்ல ஜியார்டியாவோட புரோட்டீன் இருக்கான்னு பாக்குற ஆன்டிஜென் டெஸ்ட் இருக்கு, அதை கேளுங்க.

மருந்து குடுத்தும் திரும்பி வருதுன்னா வீட்டைப் பாருங்க. வாலுக்கு கீழ இருக்குற முடியில சிஸ்ட், அதாவது ஓட்டுக்குள்ள இருக்குற ஜியார்டியா, ஒட்டிட்டு இருக்கும், குட்டி நக்கும், மறுபடி வயித்துக்குள்ள போயிடும். மருந்து கோர்ஸ் முடியுற அன்னைக்கு பின்பக்கம் நல்லா சோப்பு போட்டு குளிப்பாட்டி துவட்டணும், படுக்குற துணியை துவைச்சு வெயில்ல நல்லா காய வைக்கணும், மோஷன் போனதும் உடனே அள்ளணும். ஈரமான, குளிர்ச்சியான இடத்துல அது ரொம்ப நாள் உயிரோட இருக்கும், காஞ்ச இடத்துல தாங்காது. குட்டி நல்லா தேறுனப்புறமும் ஆன்டிஜென் டெஸ்ட் கொஞ்ச வாரம் பாசிடிவ் காட்டலாம், அதைப் பாத்து பயந்து மறுபடி ஃபுட்டுல கை வைக்காதீங்க.

காசை விட பெரிய நஷ்டம் ஒண்ணு இருக்கு. நாளைக்கு அதே குட்டிக்கு நிஜமாவே ஃபுட் அலர்ஜி வந்தா டாக்டர் முதல்ல கேக்குறது "இது இதுவரைக்கும் சாப்பிடாத புரோட்டீன் எது?"ன்னுதான், அதை வச்சுத்தான் அலர்ஜியான்னு பாப்பாங்க. சிக்கன், லேம்ப், மீன், வாத்துன்னு எல்லாத்தையும் வாரத்துக்கு ஒண்ணா காட்டி முடிச்சிருந்தா அந்த கேள்விக்கு பதிலே இருக்காது. தேவையில்லாத நேரத்துல எல்லாத்தையும் செலவு பண்ணிட்டு, தேவைப்படுறப்போ கையை விரிக்க வேண்டியதுதான்.

வாந்தியும் இருக்குறப்போ ஃபுட்டைப் பத்தி யோசிச்சுட்டு இருக்குறது

லூஸ் மோஷனோட வாந்தி, ரத்தம், சாப்பிட மாட்டேங்குது, சுருண்டு படுத்துக்கிச்சு, இதுல எது சேர்ந்தாலும் அன்னைக்கே டாக்டர்கிட்ட போங்க, குட்டி உயிரையே எடுக்கக்கூடிய பார்வோ வைரஸா இருக்கலாம். "ஊசி போட்டாச்சு"ன்னு தைரியமா இருக்காதீங்க, குட்டிக்கு குறைஞ்சது 16 வாரம் ஆகுற வரைக்கும் ஊசி தொடர்ந்து போடணும், ஒண்ணு ரெண்டு போட்டதும் முழு பாதுகாப்பு வந்துடாது. ஈறை தொட்டுப் பாருங்க, ஈரமா வழவழன்னு இல்லாம பிசுபிசுன்னு ஒட்டுச்சுன்னா உடம்புல தண்ணி குறைஞ்சிருக்கு.

பால்

வேண்டாம். பால்ல இருக்குற லாக்டோஸ்ங்குற சர்க்கரை பல குட்டிக்கு ஜீரணமாகாம லூஸா போகும், ஆட்டுப்பால்லயும் அது இருக்கு.

பட்டினி போடுறது

பெரிய நாய்க்கு சொல்ற யோசனை இது, குட்டிக்கு கூடாது, அதுவும் சின்ன ப்ரீட்னா சுகர் சட்டுனு இறங்கிடும்.

நம்ம பேதி மாத்திரை

தொடவே கூடாது. கோலி வகை நாய்ங்க பலதுக்கு அந்த மாத்திரையில இருக்குற லோபராமைடு மூளை வரைக்கும் பாதிக்கும்.

ஒரே நாள்ல மாத்துறது

டெஸ்ட் எல்லாம் சரியா இருந்து, நிஜமாவே ஃபுட் மாத்தணும்னு முடிவாச்சுன்னா, சாதாரண குட்டிக்கு 7ல இருந்து 10 நாள், வயிறு சென்சிடிவ்னா ரெண்டு வாரம் கூட எடுத்துக்கோங்க. முதல்ல கால் பங்கு புதுசு, அப்புறம் பாதி, அப்புறம் முக்கால். நடுவுல லேசா லூஸானா மொத்தத்தையும் விட்டுட்டு வேற பாக்கெட் வாங்கப் போகாதீங்க, எந்த அளவுல நல்லா இருந்துச்சோ அதுக்கு திரும்பிப் போய் ரெண்டு மூணு நாள் நிறுத்தி மெதுவா ஏத்துங்க. ஒரு நோட்டுல தேதி, எத்தனை கிராம், மோஷன் எப்படின்னு எழுதுங்க. டாக்டருங்க 1ல இருந்து 7 வரைக்கும் ஒரு ஸ்கோர் வச்சிருக்காங்க, 1ன்னா கல்லு மாதிரி, 7ன்னா தண்ணி, 2 இல்ல 3 வந்தா நல்லா இருக்குன்னு அர்த்தம். நோட்டு இருந்தா "நேத்து நல்லா போச்சா இல்லையா"ன்னு வீட்டுல ஆளாளுக்கு ஒண்ணு சொல்ற சண்டையும் இருக்காது.

ட்ரையல்னு சொல்லிட்டு ட்ரீட் குடுக்குறது

அலர்ஜியான்னு கண்டுபிடிக்க டாக்டர் ஒரே ஒரு ஃபுட் சொல்லியிருந்தா, அது ஒண்ணுதான் உள்ள போகணும். வயித்துப் பிரச்சனைக்கு ரெண்டு மூணு வாரத்துலயே வித்தியாசம் தெரியலாம், தோல் அரிப்பும் இருந்தா குறைஞ்சது 8 வாரம். இதுக்கு நடுவுல பாட்டி ஒரு பிஸ்கட் குடுப்பாங்க, பசங்க தட்டுல மிச்சத்தை நீட்டுவாங்க, முடிஞ்சுது. யாருமே கவனிக்காதது சிக்கன் வாசனை போட்ட பூச்சி மாத்திரையும் நாய் டூத்பேஸ்ட்டும், அதையும் டாக்டர்கிட்ட சொல்லி மாத்தணும். முன்னாடி பெருசா "லேம்ப்"னு போட்ட பாக்கெட்டை திருப்பிப் படிங்க, மூணாவது வரியில சிக்கன் மீல், அதாவது காய வச்ச சிக்கன் பொடி, உக்காந்திருக்கும்.

கிரெய்ன் ஃப்ரீன்னா நல்லதுன்னு நம்புறது

நாய்க்கு அலர்ஜி பண்றதுல அதிகமா பேர் அடிபடுறது மாட்டிறைச்சி, பால் பொருள், சிக்கன். கோதுமையும் அந்த லிஸ்ட்ல இருக்கு, ஆனா அரிசிக்கு பயப்பட பெருசா ஒண்ணும் இல்ல.

சிக்கனும் சோறும் மாசக்கணக்கா போடுறது

மோஷன் கெட்ட ரெண்டு மூணு நாளைக்கு உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் இல்லாம வேக வச்ச சிக்கனும் சோறும் நல்ல சாப்பாடு. அது ஒத்துக்கிச்சுன்னு அதையே பழக்கிடுறாங்க, அதுதான் ஆபத்து. எலும்பில்லாத கறியில பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் இல்லன்னே சொல்லலாம், வளர்ற குட்டி அதுக்காக தன் எலும்புல இருந்தே கால்சியத்தை எடுக்கும், கால் வளையும், சும்மா குதிச்சாலே எலும்பு முறியுற அளவுக்கு போகும். உடனே கடைக்குப் போய் கால்சியம் சிரப் வாங்கி ஊத்துறதும் சரி கிடையாது, பெரிய ப்ரீட் குட்டிக்கு அதிகமானாலும் எலும்பு கோணும், சின்ன வயசுல வேண்டாததை தள்ளிவிட அந்த உடம்புக்கு தெரியாது. வீட்டுச் சாப்பாடுதான் போடணும்னா குட்டியோட எடை, ப்ரீட் சொல்லி டாக்டர்கிட்ட முழு கணக்கு வாங்கிட்டு ஆரம்பிங்க, அதுவரைக்கும் குட்டிங்களுக்குன்னு இருக்குற ஃபுட்டுக்கே மெதுவா திருப்பிடுங்க.