எரியும் பிரேக் பேட் விளக்கு: கெப் வண்டியில் பழுதைத் தேடும் முறை

திருகோணமலையிலிருந்து உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி என்று வடக்கே புல்மோட்டை வரை கடலோரமாக ஓடும் கெப் வண்டிகளுக்கு (பிக்அப் வண்டிகளுக்கு), மாரி ஓய்ந்து தை பிறக்கும் நேரத்தில் ஒரே நோய் வருவதைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். டாஷ்போர்டில் பிரேக் பேட் விளக்கு எரியும். சில்லோடு சுழலும் இரும்புத் தட்டான டிஸ்கை இரு பக்கமும் அழுத்தி வண்டியை நிறுத்தும் உராய்வுக் கட்டைதான் பேட். அது தேய்ந்துவிட்டதைச் சொல்வதே இந்த விளக்கின் வேலை. கராஜுக்குக் கொண்டுபோனால் சில்லைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "பேட் எல்லாம் நல்லா இருக்கு அண்ணே, சென்சர்தான் பிழை, வயரை முடிஞ்சு விடுறன்" என்பார்கள். விளக்கு அணையும், வண்டிக்காரரும் நிம்மதியாக வீடு திரும்புவார். அந்த நிம்மதி எவ்வளவு ஆபத்தானது என்பதை என் சொந்த வண்டியிலேயே பட்டுணர்ந்தவன் நான். ஆகையால் இந்த விளக்கு எரிந்தால் எதை முதலில் பார்க்க வேண்டும், எதை அடுத்துப் பார்க்க வேண்டும் என்பதை விரிவாக எழுதுகிறேன்.

என் வண்டியில் இடது முன் சில்லின் உட்புறப் பேட்டில் மட்டுமே சென்சர் இருந்தது. விளக்கு எரிந்தபோது பேட் உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது, பழுது பிளக்கில். அதைத் துப்புரவாக்குவதற்குப் பதிலாக, சென்சரை வெட்டி எறிந்துவிட்டு வண்டிப் பக்கத்து இரண்டு வயர்களையும் ஒன்றாக முறுக்கி டேப் சுற்றிக் கொடுத்தார்கள். நானும் விவரம் கேட்காமல் வாங்கி வந்தேன். சில மாதங்களின் பின் பாரம் ஏற்றிக்கொண்டு கந்தளாய் தாண்டி ஹபரணை வீதியில் போகும்போது, பிரேக்கை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் அம்மியில் இரும்பைத் தேய்ப்பது போன்ற சத்தம் கேட்டது. பேட்டுகளைத் தாங்கி டிஸ்கில் அழுத்தும் கலிப்பர் வழுக்கி நகர உதவும் ஊசி துருப்பிடித்து இறுகியதால் உட்புறப் பேட் மட்டும் தேய்ந்து, இரும்புத் தகடே டிஸ்கை அறுத்துக்கொண்டிருந்தது. நகத்தை வைத்தால் நகம் மாட்டிக்கொள்ளும் அளவுக்கு டிஸ்கில் பள்ளம். அதைச் சொல்ல வேண்டிய விளக்கின் வாயை நாங்களே கட்டியிருந்தோம்.

முதலில், எரிவது எந்த விளக்கு என்பதைத் தெளிவாக அறிந்துகொள்ளுங்கள். ஒரு வட்டமும் அதன் இரு பக்கமும் விட்டுவிட்டு வரைந்த வளைகோடுகளும் கொண்ட மஞ்சள் விளக்குத்தான் பேட் தேய்மான விளக்கு. வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி உள்ள சிவப்பு விளக்கு வேறு. அது ஹேண்ட் பிரேக் முழுமையாக இறங்கவில்லை என்பதையோ, பிரேக் ஒயில் மட்டம் குறைந்துவிட்டது என்பதையோ சொல்கிறது. 'ஏபிஎஸ்' என்ற எழுத்துகள் தெரிந்தால், பிரேக் பிடிக்கும்போது சில்லு இறுகிச் சறுக்காமல் தடுக்கும் அமைப்பில் பழுது. பெரும்பாலும் அது சில்லின் வேகத்தை அளக்கும் சென்சர் தொடர்பானது. இந்த வேறுபாடு முக்கியமானது. ஏனென்றால் எமது பகுதியில் அதிகமாக ஓடும் ஹைலக்ஸ், எல்200, டி-மேக்ஸ் போன்ற வண்டிகள் பெரும்பாலானவற்றில் பேட்டுக்கு மின்சார சென்சரே கிடையாது. அவற்றின் பேட்டில் சிறிய இரும்பு நாக்கு ஒன்று இருக்கும். பேட் தேய்ந்ததும் அது டிஸ்கில் உரசிக் கீச்சிட்டு எச்சரிக்கும். அப்படிப்பட்ட வண்டியில் "பேட் சென்சர் பழுது" என்று யாராவது சொன்னால் கையோடு மறுத்துவிடலாம். ஃபோக்ஸ்வாகன் அமரொக் போன்ற வண்டிகளில் பேட்டோடு சென்சர் வருகிறது. அமெரிக்காவில் 2019 மாதிரி ஆண்டிலிருந்து வந்த ஷெவர்லே சில்வராடோ, பேட்டில் எத்தனை வீதம் மிச்சம் என்பதையே திரையில் காட்டும்.

சென்சர் இல்லாத வண்டியிலும் பேட் தேய்வதற்கும் சிவப்பு விளக்குக்கும் மறைமுகமான உறவு உண்டு. பேட் மெலிய மெலிய கலிப்பருக்குள் பேட்டைத் தள்ளும் பிஸ்டன் வெளியே நகர்கிறது. அந்த இடைவெளியை நிரப்ப ஒயில் கீழே இறங்குகிறது. தொட்டியின் மிதவை தாழ்ந்து விளக்கு எரிகிறது. இதை அறியாமல் ஒயிலை மட்டும் ஊற்றி நிரப்பினால் விளக்கு அணைந்துவிடும், ஆனால் மெலிந்த பேட் மெலிந்தபடியே இருக்கும். பின்னர் புதுப் பேட் போடப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது, கூடுதலாக ஊற்றிய ஒயில் வழிந்து என்ஜின் அறையின் பெயின்ரை அரித்துவிடும். பேட் தடிப்பாக இருந்தும் ஒயில் குறைந்திருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது என்று கொண்டு, சில்லுகளின் உட்புறத்தையும் பின் டிரம்மின் அடிப்பகுதியையும் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். கசிவைக் கண்டால் அந்த வண்டியை ஒரு அடிகூட ஓட்ட வேண்டாம்.

இனி மஞ்சள் விளக்குக்கு வருவோம். சென்சரின் உள்ளே இருப்பது ஒரு மெல்லிய வயர் மட்டுமே. ஒரு வகையில் அது வளையமாக வந்து திரும்புகிறது. மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும் வரை விளக்கு அணைந்திருக்கும், பேட் தேய்ந்து டிஸ்க் அந்த வளையத்தை அறுத்ததும் எரியும். மற்றொரு வகையில் வயரின் நுனி மூடியிருக்கும். பேட் தேய்ந்து நுனி டிஸ்கைத் தொட்டதும் மின்சாரம் வண்டியின் உடலுக்கு இறங்கி விளக்கு எரியும். பெரும்பாலும் பிளக்கில் இரண்டு ஊசிகள் இருந்தால் முதல் வகை, ஒன்றே இருந்தால் இரண்டாம் வகை. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால் எலி கடித்த வயரும் களிம்பேறிய பிளக்கும் முதல் வகையில் ஏன் பொய் எச்சரிக்கை தருகின்றன என்பது தானாகவே விளங்கும்: மின்சாரம் எங்கே அறுந்தாலும் வண்டிக்கு அது பேட் தேய்ந்ததாகவே தெரியும்.

வயரைத் தொடுமுன் பேட்டைப் பார்க்க வேண்டும். இதை நான் வற்புறுத்திச் சொல்கிறேன். வண்டியைக் கெட்டியான சமதரையில் நிறுத்துங்கள். கடற்கரை மணலிலோ மழையில் ஊறிய முற்றத்திலோ ஜாக் போட வேண்டாம். பின் சில்லுகளுக்கு இரு பக்கமும் கட்டை வையுங்கள். சில்லு நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்துங்கள். தூக்கியதும் சேஸியின் கீழ் இரும்புத் தாங்கி வைத்துவிட்டே சில்லைக் கழற்றுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி ஒரு கெப் வண்டியின் கீழ் கை நீட்டுவது உயிரோடு விளையாடுவது. கலிப்பரின் நடுவில் உள்ள திறப்பினூடாக டோர்ச் அடித்தால் வெளிப்புறப் பேட்டும் உட்புறப் பேட்டும் தெரியும். பின்னால் உள்ள இரும்புத் தகட்டைச் சேர்க்காமல், உராயும் பகுதியை மட்டும் அளவுகோலால் அளக்க வேண்டும். புதுப் பேட்டில் அது ஏறத்தாழ 10 மில்லிமீற்றர் இருக்கும். 3 மில்லிமீற்றருக்கு வந்துவிட்டால் விளக்கு சொல்வது உண்மை, பேட்டை மாற்றுவதுதான் வேலை. உட்புறமும் வெளிப்புறமும் ஒன்றுக்கொன்று 2 மில்லிமீற்றருக்கு மேல் வேறுபட்டால் கலிப்பரின் ஊசிகள் இறுகியிருக்கின்றனவா என்று பார்க்காமல் சில்லைப் பூட்டாதீர்கள். என் வண்டியில் நடந்தது இதுதான்.

இரண்டு முன் சில்லுகளையும் பார்க்க வேண்டும். சென்சர் ஒரு பக்கம்தான் இருக்கிறது என்பதால் மற்றப் பக்கத்தைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. பின்னால் டிரம் பிரேக் உள்ள வண்டியானால் அங்குள்ள லைனிங்கை, அதாவது டிரம்மின் உள்ளே உராயும் பட்டையை, பற்றியும் இந்த விளக்கு வாய் திறக்காது. பிரேக் தூசியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊத வேண்டாம். பிரேக் கிளீனரால் நனைத்துத் துணியால் துடையுங்கள்.

பேட் எல்லாம் நல்ல தடிப்பு என்று கண்ணால் கண்ட பிறகு சென்சர் வயரைப் பின்தொடருங்கள். பேட்டிலிருந்து அல்லது கலிப்பரிலிருந்து புறப்படுவது பேட் சென்சர் வயர். சில்லின் நடுக் குடத்துக்குள் போவது ஏபிஎஸ் வயர். இரண்டையும் குழப்பிக்கொண்டு ஏபிஎஸ் பிளக்கில் பரிசோதனை செய்யக் கூடாது. வயர் செல்லும் பாதையில் கிளிப் கழன்று ரயரிலோ சஸ்பென்ஷன் கையிலோ உரசியிருக்கிறதா, ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுமையாகத் திருப்பும்போது இழுபடுகிறதா என்று பாருங்கள். மேலுறை நன்றாக இருக்கும்போதே உள்ளே செம்பு அறுந்திருப்பதும் உண்டு. வளையும் இடத்தில் விரலால் மெல்ல நசுக்கினால் அந்த இடம் மட்டும் சொத சொதவென்று இருக்கும்.

பிறகு பிளக். எங்கள் ஊரில் பொய் எச்சரிக்கைகளில் பாதிக்கு மேல் இங்கேதான் முடிகின்றன என்பது என் அனுபவம். வாடைக்காற்று கடலைக் கிளறிவிடும் மாதங்களில் உப்பு ஈரம் எல்லா இடுக்கிலும் புகுந்துவிடுகிறது. படகு இழுக்க நீரோரம் வரை இறங்கும் வண்டிகளுக்கும் ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டிகளில் ஐஸும் மீனும் ஏற்றும் வண்டிகளுக்கும் கேட்கவே வேண்டாம். அண்மையில் நான் திறந்த ஒரு பிளக்கின் ரப்பர் வளையம் கருவாட்டுத் தோல்போல் காய்ந்து வெடித்திருந்தது. உள்ளே ஒரு ஊசி பளிச்சென்றும், அடுத்தது பழைய செப்புக் குடத்தின் களிம்புபோலப் பச்சைப் பொடி பூத்தும் நின்றது. துடைக்கலாம் என்று பல்குத்தும் குச்சியால் தொட்டதுமே அந்த ஊசி ஒடிந்து என் உள்ளங்கையில் விழுந்தது. அத்தனை நாளும் வண்டி குலுங்கும் போதெல்லாம் விளக்கு எரிந்தும் அணைந்தும் போனதற்குக் காரணம் அந்த ஒற்றை ஊசி.

களிம்பு இலேசாக இருந்தால் மின் இணைப்புகளுக்கென்று விற்கும் கிளீனரை அடித்து, மெல்லிய பிரஷால் தேய்த்து, நன்றாகக் காயவிட்டு, ரப்பர் வளையத்தில் சிறிது சிலிக்கன் கிரீஸ் தடவிப் பூட்டுங்கள். துருவைக் கழற்றும் எண்ணெய் ஸ்ப்ரேயை இங்கே அடிக்க வேண்டாம். அது பேட்டில் தெறித்தால் பிரேக் பிடிக்காது. ஊசி அரித்துப்போயிருந்தால் துப்புரவாக்கிப் பயனில்லை, பிளக்கை மாற்றத்தான் வேண்டும்.

சென்சரா, வண்டிப் பக்கத்து வயரா பழுது என்பதை உறுதிசெய்ய ஒரு சாதாரண மல்ரிமீற்றர் போதும். அதை ஓம் அளவையின் மிகக் குறைந்த நிலையில் வைத்து, முதலில் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் கழற்றிய சென்சரின் இரண்டு ஊசிகளிலும் வைத்துப் பாருங்கள். முதல் வகைச் சென்சர் நன்றாக இருந்தால் ஏறத்தாழ அதே எண் வரும். எண் எதுவும் வராவிட்டால் வளையம் அறுந்துவிட்டது. எண் வந்தாலும் அவசரப்படாமல், மீற்றரைப் பார்த்தபடியே வயரை அங்குலம் அங்குலமாக ஆட்டிப் பாருங்கள். எண் துள்ளும் இடத்தில் முறிவு இருக்கிறது. தேய்மானத்தை இரண்டு கட்டமாகச் சொல்லும் சில இருநிலைச் சென்சர்களுக்குள் ஒரு மின்தடை இருப்பதால் அவற்றில் பெரிய எண் வருவது இயல்பு. அதற்கு வண்டியின் கைநூலைப் பார்க்க வேண்டும்.

சென்சர் சரியென்று மீற்றர் சொன்ன பிறகும் விளக்கு எரிந்தால், வண்டிப் பக்கத்துப் பிளக்கின் இரண்டு துளைகளையும் ஒரு சிறு வயர்த்துண்டால் இணைத்துச் சாவியைத் திருப்பிப் பாருங்கள். விளக்கு அணைந்தால் அங்கிருந்து உள்ளே போகும் வயர் நலமாக இருக்கிறது. கோளாறு சென்சரிலோ அதன் பிளக் இணைப்பிலோதான். அணையாவிட்டால் முறிவு அதற்கு அப்பால் இருக்கிறது. மட்கார்டின் உட்புறத்தையும், எலி கூடு கட்டக்கூடிய என்ஜின் அறை மூலைகளையும் தேடுங்கள். இரண்டாம் வகையில் எல்லாம் தலைகீழ்: சென்சர் பிளக்கைக் கழற்றியதுமே விளக்கு அணைய வேண்டும், கழற்றிய பின்னும் எரிந்தால் வண்டிப் பக்கத்து வயர் எங்கோ உடலைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. பரிசோதனை முடிந்ததும் அந்த வயர்த்துண்டை எடுத்துவிடுங்கள். என் வண்டியில் நிரந்தரமாக விட்டுவைக்கப்பட்டது அதுபோன்ற ஓர் இணைப்புத்தான்.

அண்மையில் பேட் மாற்றிய வண்டியில் விளக்கு எரிந்தால், பழைய சென்சரையே திரும்பப் போட்டார்களா என்று கேளுங்கள். ஒருமுறை டிஸ்கில் தேய்ந்த சென்சர் மறுபடி உதவாது. அதைப் பேட்டோடு சேர்த்து மாற்ற வேண்டும். மலிவான பேட்டுகள் சிலவற்றில் சென்சருக்கான பள்ளம் சரியான ஆழத்தில் இல்லாமல், நுனி முன்தள்ளி நின்று புதிதிலேயே உரசிவிடுவதும் உண்டு. கடையில் வாங்கும்போதே பழைய பேட்டைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். சில வண்டிகள் பேட்டையும் சென்சரையும் மாற்றிய பின்னரும் கைநூலில் சொன்னபடி அல்லது ஸ்கானர் கொண்டு ரீசெட் செய்யும் வரை எச்சரிக்கையை விடுவதில்லை.

எல்லாவற்றையும் பூட்டிய பின், வண்டியை நகர்த்துமுன் பிரேக் பெடலைக் கெட்டியாகும் வரை பலமுறை மிதியுங்கள். பிஸ்டன் பின்தள்ளப்பட்டிருந்தால் முதல் மிதிக்குப் பிரேக் இருக்காது. வாகனம் குறைந்த நேரத்தில் உள்துறைமுக வீதி போன்ற சமமான வீதியில் மெதுவாக ஓட்டி, நிறுத்தி, ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி விளக்கைப் பாருங்கள். அடுத்த கடும் மழைக்குப் பிறகு அந்தப் பிளக்கை இன்னொரு தடவை திறந்து பார்ப்பது நல்லது.

பழைய கெப் வண்டி வாங்கப் போகிறவர்களுக்கும் ஒரு சொல். பெரும்பாலான வண்டிகளில் சாவியைத் திருப்பியதும் எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் சில விநாடிகள் எரிந்து அணையும். சென்சர் உள்ள வண்டியில் மற்ற விளக்குகள் எரிந்து பேட் விளக்கு மட்டும் எரியாவிட்டால், கைநூலைப் பார்த்து அது எரிய வேண்டிய விளக்குத்தானா என்று உறுதிசெய்துகொண்டு, விலை பேசுமுன் இடது முன் சில்லின் உட்புறத்தில் குனிந்து, டேப் சுற்றிய வயர் ஏதும் தொங்குகிறதா என்று பாருங்கள்.